கொசுறு

அன்புள்ள சார்,

உங்கள் கட்டுரைகளைப் படித்துத்தான் பிங்க் ஃப்ளாய்ட் என்கிற இங்கிலாந்து ராக் குழுவைக் கேட்க ஆரம்பித்தேன். ‘டார்க் சைட் ஆஃப் தி மூன்’, ‘விஷ் யூ வேர் ஹியர்’, ‘தி வால்’ மூன்றும் கேட்டாயிற்று. போன வாரம் அவர்களின் கடைசி ஆல்பமான ‘தி எண்ட்லெஸ் ரிவர்’ கேட்டேன். பெரிய ஏமாற்றம். கடைசிப் பாட்டில் மட்டும்தான் பாடுகிறார்கள். மற்றதெல்லாம் லிஃப்டுக்குள் ஓடுகிற இசை மாதிரி இருக்கிறது. இருபது வருடத்து மிச்சம் மீதியை ஒட்டுப்போட்டு விற்றிருக்கிறார்கள் என்கிறான் நண்பன். எனக்கும் பல இடங்களில் பழைய பாட்டையே திரும்ப வாசிப்பதுபோலத்தான் தோன்றியது. வயதான குழுக்கள் கௌரவமாக நிறுத்திக்கொள்ள வேண்டாமா? ரோஜர் வாட்டர்ஸ் இல்லாமல் அது பிங்க் ஃப்ளாய்டே இல்லை என்கிறார்களே, உங்கள் கருத்து என்ன? நல்ல ஹெட்ஃபோன் ஒன்றும் சிபாரிசு செய்யுங்கள்.

ம., கோவை

அன்புள்ள ம.,

ஹெட்ஃபோன் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. என்னுடையதில் ஒரு காதுப்பக்கம் இன்சுலேஷன் டேப் சுற்றியிருக்கிறது. குழுவை விட்டுப் போன வாட்டர்ஸா, தொடர்ந்து நடத்திய கிட்டார்காரர் கில்மரா என்ற பஞ்சாயத்துக்கும் நான் வரவில்லை. எண்பதுகளிலேயே லண்டன் வக்கீல்கள் அதைப் பேசி முடித்து ஃபீஸும் வாங்கிவிட்டார்கள்.

பதில் எழுத உட்கார்ந்ததற்குக் காரணம் வேறு. உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். அதில் ரிச்சர்ட் ரைட் என்ற பெயர் எங்கேயும் இல்லை. பதினாறாம் நாள் காரியத்துக்குப் போய், சாப்பாட்டில் உப்பு குறைவு என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறீர்கள். செத்தது யார் என்றாவது கேட்டிருக்கலாம்.

செத்தது கீபோர்டு வாசித்தவர். 2008 செப்டம்பர் 15, புற்றுநோய், வயது 65. ‘தி டிவிஷன் பெல்’ ஆல்பத்துக்காக 1993இல் அவரும் கில்மரும் டிரம்ஸ் நிக் மேசனும் சேர்ந்து நாள்கணக்கில் சும்மா வாசித்துப் பார்த்திருக்கிறார்கள். அந்த டேப்புகள் இருபது மணி நேரத்துக்கும் மேல் அப்படியே கிடந்தன. ரைட் போன பிறகு மற்ற இருவரும் அதை எடுத்துக் கேட்டு, பொறுக்கி, மேலே கொஞ்சம் வாசித்துச் சேர்த்து 2014 நவம்பரில் வெளியிட்டார்கள். ஆக உங்கள் நண்பன் சொன்னது சரி, மிச்சம்தான். நேற்று வைத்த மீன் குழம்பு என்று ஏதாவது உவமை சொல்லி நான் தப்பிக்கப் போவதில்லை.

ஆனால் மிச்சம் என்றால் மட்டம் என்று யார் சொன்னது? ‘டார்க் சைட்’ உங்களுக்குப் பிடித்திருக்கிறது. அதில் வரும் ‘அஸ் அண்ட் தெம்’ எங்கிருந்து வந்தது தெரியுமா? இத்தாலிய இயக்குநர் அந்தோனியோனியின் ‘ஸாப்ரிஸ்கி பாயிண்ட்’ படத்தில் ஒரு கலவரக் காட்சிக்காக ரைட் பியானோவில் போட்டுக் கொடுத்தது. அழகாக இருக்கிறது, ஆனால் சோகம் அதிகம், சர்ச் ஞாபகம் வருகிறது என்று சொல்லி இயக்குநர் திருப்பிவிட்டாராம். படம் 1970இல் வந்துவிட்டது. அந்த மெட்டு சும்மா கிடந்து 1973இல் ஆல்பத்துக்குள் வந்தது. அதுவும் மிச்சம், வாசித்தவரும் இதே ஆள்தான். அப்போது உங்களுக்கு உறுத்தவில்லை, ஏனென்றால் அதற்கு மேல் ஒருவர் பாடிக்கொண்டிருக்கிறார். பாடுகிறவர் வாயை மூடியதும் உங்களுக்கு லிஃப்ட் ஞாபகம் வந்துவிடுகிறது.

கொஞ்சம் கடுமையாகச் சொல்கிறேனோ? சரி, உங்களைவிடப் பெரிய முட்டாளாக இருந்தவன் கதையைச் சொல்கிறேன்.

1988. திருச்சியில் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தேன். அப்போதெல்லாம் கேசட்டில் பாட்டுப் பதிந்து தரும் கடைகள் உண்டு. வேண்டியதைத் துண்டுச்சீட்டில் எழுதிக் கொடுத்தால் மூன்று நாள் கழித்து வரச் சொல்வார்கள். 90 நிமிட கேசட் ஒன்று வாங்கி, ஏ பக்கம் ‘டார்க் சைட்’, பி பக்கம் ‘விஷ் யூ வேர் ஹியர்’ என்று எழுதிக் கொடுத்தேன். வாங்கப் போனபோது கடைக்காரர் சொன்னார்: “செகண்ட் சைடு ரொம்ப மெதுவா ஆரம்பிக்குது தம்பி. அதான் முன்னாடி ஒரு டிஸ்கோ பாட்டு போட்டுவிட்டிருக்கேன். கொசுறு.”

தங்கமான மனுஷன். எனக்கும் சந்தோஷம்தான். ஆனால் கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு பக்கம் 45 நிமிடம். ‘விஷ் யூ வேர் ஹியர்’ 44 நிமிடம். கொசுறு நாலு நிமிடம். ஆக, ஆல்பத்தின் கடைசி மூன்று நிமிடத்துக்கு டேப்பில் இடம் இல்லை. ‘ஷைன் ஆன் யூ கிரேஸி டயமண்ட்’ முடியப் போகும் நேரத்தில், தாளமெல்லாம் அடங்கி மெதுவாக ஏதோ ஒன்று தொடங்கும். அடுத்த நொடி ‘டக்’. பிளே பட்டன் மேலே வந்துவிடும். பாட்டே அவ்வளவுதான் என்று நினைத்துக்கொண்டேன். அப்படி வெட்டி முடிப்பது அவர்கள் பாணி என்று விடுதி அறையில் இரண்டு பேருக்கு விளக்கம்கூடக் கொடுத்திருக்கிறேன்.

பதினோரு வருடம் கழித்து ஒரு நண்பர் வீட்டில் சி.டி.யில் அதையே கேட்டேன். ‘டக்’ வர வேண்டிய இடத்தில் வரவில்லை. போய்க்கொண்டே இருக்கிறது. சவ ஊர்வலத்தின் நடையில் ஒரு மெட்டு. கிட்டார் பின்னால் ஒதுங்கிவிட, பியானோவும் சின்தசைசரும் முன்னால் வருகின்றன. அந்த நீளப் பாட்டில் ரைட் பெயரில் மட்டுமே இருக்கிற பகுதி அதுதான், ஒன்பதாம் பாகம். ஒலி தேய்ந்துகொண்டே போகும் கடைசிக் கணத்தில் சின்தசைசரில் ஒரு குட்டி மெட்டு எட்டிப்பார்க்கிறது. 1967இல், குழுவை ஆரம்பத்தில் முன்னின்று நடத்திய சிட் பாரெட் எழுதிய ‘சீ எமிலி பிளே’. மனம் பேதலித்து இடையிலேயே போய்விட்ட அந்த நண்பனைப் பற்றித்தான் மொத்தப் பாட்டும். மற்றவர்களெல்லாம் அவனைப் பற்றிப் பாடி முடித்த பிறகு, பின்னால் உட்கார்ந்திருந்த ஒருவர் அவனுடைய பாட்டையே ஒரு வரி, அதுவும் முணுமுணுப்பாக, வாசித்து வழியனுப்புகிறார். எனக்குப் பதினோரு வருடமாக அது இல்லை. இல்லை என்பதும் தெரியவில்லை. அந்த நண்பர் காபி கொண்டுவந்து வைத்தார், குடிக்கவில்லை.

அதிலிருந்து எனக்கு ஒரு பைத்தியம். எந்தக் குழுவைக் கேட்டாலும் பின்னால் இருக்கிற ஆளைத்தான் தேடுகிறேன். வீட்டில் கேலி செய்கிறார்கள்.

ரைட்டை அவர்களே எப்படி வைத்திருந்தார்கள் என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டும். 1979இல் ‘தி வால்’ பதிவு நடக்கும்போது, வாட்டர்ஸின் நிர்பந்தத்தில் அவரைக் குழுவிலிருந்து விலக்கினார்கள். பிறகு அதே ஆல்பத்தின் மேடை நிகழ்ச்சிகளுக்கு அவரையே சம்பளத்துக்கு வாசிக்கக் கூப்பிட்டார்கள். போனார். மேடையில் பிரம்மாண்டமாகச் சுவர் கட்டி இடித்துக் காட்டிய அந்த நிகழ்ச்சிகளில் நஷ்டம். நஷ்டம் முதலாளிகள் மூவருக்கும். காசு பார்த்தது கூலிக்கு வாசித்த ரைட் ஒருவர்தான். இதை நினைத்து நான் தனியாகச் சிரித்ததுண்டு. அவர் சிரித்திருப்பாரா என்று தெரியாது. 1987இல் கில்மர் திரும்பச் சேர்த்துக்கொண்டபோதும் முதலில் சம்பளத்துக்குத்தான்.

இப்போது நீங்கள் கேட்ட ஆல்பத்தின் தொடக்கத்துக்குப் போங்கள். இசை எழும்புவதற்கு முன் சில பேச்சுக்குரல்கள். ரைட்டின் குரல் அதில் இருக்கிறது. பேசிக்கொள்ளாமலே புரிந்துகொள்கிற ஏதோ ஒன்று எங்களிடம் உண்டு, ஆனால் சொல்லாமல் விட்டதும் நிறைய, என்கிற மாதிரி ஒரு வாக்கியம். அதன் பிறகு பாட்டே இல்லை என்று புகார் சொல்கிறீர்கள். என்ன பாடச் சொல்கிறீர்கள்?

பழையதையே வாசிக்கிறார்கள் என்றீர்கள். ‘இட்ஸ் வாட் வி டூ’ என்ற துண்டைச் சொல்கிறீர்கள் என்று நினைக்கிறேன். ஆமாம், ‘ஷைன் ஆன்’ சாயல் அப்படியே. அந்தச் சாயல் யாருடையது, ஐயா? கில்மரின் நாலு ஸ்வரத்துக்கு அடியில் பாய் விரித்தாற்போல் கிடக்கிற அந்த ஒலி ரைட் போட்டது. தன் கையெழுத்தைத்தான் அவர் திரும்பப் போட்டிருக்கிறார்.

இது மகத்தான ஆல்பம் என்று சொல்ல வரவில்லை. பாதி இடங்களில் ஒரு யோசனை தொடங்கி, எங்கே போவது என்று தெரியாமல் நின்றுவிடுகிறது. பாடுகிற அந்த ஒரே பாட்டின் வரிகள் எனக்குச் சுமார்தான். அட்டைப்படமும் பிடிக்கவில்லை. ஆனால் கௌரவமாக நிறுத்திக்கொள்வது பற்றிக் கேட்டிருந்தீர்கள். 2016இல் கில்மர் இத்தாலியின் பழைய பொம்பெய் அரங்கத்தில் வாசித்தார். 1971இல் ஆளில்லாத அதே அரங்கத்தில், கேமராக்களுக்காக மட்டும், இவர்கள் ‘எக்கோஸ்’ வாசித்திருக்கிறார்கள். பியானோவின் ஒற்றைச் சொட்டில் தொடங்குகிற பாட்டு அது. அந்தச் சொட்டு ரைட்டுடையது. திரும்பிப் போன இடத்தில் கில்மர் அதை வாசிக்கவில்லை. ரைட் இல்லாமல் வாசிக்க மாட்டேன் என்றுவிட்டார். கௌரவம் என்று எனக்குப் படுவது அதுதான். டேப்பைத் தூசி தட்டி வெளியிட்டதும் அதே கணக்கில்தான் வருகிறது.

ஒன்று செய்யுங்கள். முதலில் ‘ஷைன் ஆன்’ கடைசி மூன்று நிமிடத்தைக் கேளுங்கள், வேறு வேலை எதுவும் செய்யாமல். அப்புறம் ‘எண்ட்லெஸ் ரிவர்’ முதலிலிருந்து. பாதிக்கு மேல் ‘ஆலோன்ஸி’ என்று ஒன்று வரும், ‘தி வால்’ காலத்துத் தடதடப்பு. எனக்கும் பிடிக்காது. ஆனால் தண்ணீர் குடிக்க எழுந்து போய்விடாதீர்கள். அதை இரண்டு துண்டாக வெட்டி நடுவில் வேறொன்றை வைத்திருக்கிறார்கள். லண்டன் ராயல் ஆல்பர்ட் ஹாலில் இருக்கிற, ஆயிரக்கணக்கில் குழாய்கள் கொண்ட அந்தப் பெரிய ஆர்கனில் ரைட் 1969இல் உட்கார்ந்து வாசித்தது. ஒன்றரை நிமிடம்தான்.