அமெரிக்காவில் கேஸ் மலிவு என்றால் அம்மாபேட்டையில் விலை இறங்குமா?

கேள்வி: சேலம் அம்மாபேட்டையில் முறுக்கு, மிக்சர், தட்டுவடை போட்டுக் கடைகளுக்குக் கொடுக்கும் சிறிய தொழில் நடத்துகிறேன். மாதம் 30 கமர்ஷியல் சிலிண்டர் ஆகிறது. எங்கள் தெருவுக்குக் குழாய் எரிவாயு வரப்போகிறது என்று சொல்லி ஒப்பந்தப் படிவம் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். "அமெரிக்காவில் ஷேல் கேஸ் கொட்டிக் கிடக்கிறது, இனி உலகம் முழுக்க விலை இறங்கத்தான் செய்யும், தைரியமாக ஐந்து வருஷத்துக்குக் கையெழுத்துப் போடுங்கள்" என்கிறான் மகன். போடலாமா, சிலிண்டரிலேயே இருக்கலாமா?

பதில்: இணைப்பு வாங்குங்கள் அம்மா. ஆனால் மகன் சொல்லும் காரணத்துக்காக வாங்க வேண்டாம், சிலிண்டர் கணக்கையும் மூட வேண்டாம். அமெரிக்காவில் எரிவாயு மலிவு என்பது முழு உண்மை. அந்த மலிவு உங்கள் அடுப்பு வரை வருவதற்குள் என்ன ஆகிறது என்பதைத் தெரிந்துகொண்டு கையெழுத்துப் போட வேண்டும். ஆலைகளுக்கும் ஓட்டல்களுக்கும் எரிபொருள் கணக்குப் போட்டுக் கொடுப்பதுதான் பல வருஷமாக என் வேலை. இந்த ஒரு தவறான நம்பிக்கையால் கைப்பணத்தை இழந்தவர்களைப் பார்த்திருக்கிறேன், அதனால்தான் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

ஷேல் என்பது சேறு படிந்து, இறுகி, ஏடு ஏடாக நிற்கும் களிப்பாறை. நம் சேர்வராயன் மலை சார்னகைட் என்ற மிகப் பழைய கடினப்பாறை, அதில் வாயு தேட முடியாது. ஷேல் வேறு வகை. அதற்குள் வாயு இருக்கும், ஆனால் நகராது. கிணறு தோண்டினாலும் வராது. இதை எப்படி எடுத்தார்கள் என்பது நம் பக்கத்து விவசாயிகளுக்குச் சுலபமாகப் புரியும். வற்றிய கிணற்றில் சைடு போர் போடுகிறோம் இல்லையா, அதுதான் பாதி. தண்ணீர் குறைந்த போர்வெல்லில் அழுத்தமாகத் தண்ணீரை அடித்துப் பாறை இடுக்கைத் திறக்கிற வேலையைக் குடிநீர் வடிகால் வாரியம் செய்யுமே, அது மீதிப் பாதி. இரண்டையும் சேர்த்து இரண்டு கிலோமீட்டருக்கும் கீழே, பக்கவாட்டில் இன்னும் சில கிலோமீட்டருக்குச் செய்தால் அது ஷேல் கிணறு. திறந்த இடுக்கு மறுபடி மூடிக்கொள்ளாமல் இருக்கத் தண்ணீரோடு மணலையும் அடிப்பார்கள். டெக்சாஸில் ஜார்ஜ் மிட்செல் என்பவர் 1981-ல் தொடங்கி, பணம் கரையக் கரைய விடாமல் முயன்று, 1998-ல்தான் இதற்குக் கட்டுப்படியான வழியைக் கண்டார். அதற்கு அடுத்த பத்துப் பன்னிரண்டு வருஷத்தில் பென்சில்வேனியா, லூசியானா என்று பரவி, எரிவாயு உற்பத்தியில் அமெரிக்கா ரஷ்யாவைத் தாண்டிவிட்டது.

(காவிரி டெல்டாவில் இதைச் செய்ய 2020-ல் வந்த வேளாண் மண்டலச் சட்டம் தடை போட்டது. ஒரு கிணற்றுக்கு லட்சக்கணக்கில் அல்ல, கோடிக்கணக்கான லிட்டர் தண்ணீர் வேண்டும். மேட்டூர் அணை எப்போது திறக்கும் என்று பார்த்துக் காத்திருக்கும் ஊர்களில் அது நடக்கவே கூடாது என்பது என் கருத்து.)

இப்போது விலைக்கு வருவோம். லூசியானாவில் ஹென்றி ஹப் என்று ஒரு குழாய்ச் சந்திப்பு இருக்கிறது, அமெரிக்க எரிவாயு விலை என்றால் அங்கே நடக்கிற விலைதான். கணக்கு எம்.எம்.பி.டி.யு. என்ற வெப்ப அளவில். பெயரைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், உங்கள் 19 கிலோ சிலிண்டர் ஒன்றில் இருக்கும் சூடு கிட்டத்தட்ட 0.9 எம்.எம்.பி.டி.யு.; ஏறக்குறைய ஒரு சிலிண்டருக்கு ஒன்று என்று வைத்துக்கொள்ளலாம். 2008 ஜூலையில் அங்கே இது 13 டாலர் வரை போனது. ஷேல் பெருகியதும் 2012 ஏப்ரலில் 2 டாலருக்கும் கீழே. அதற்குப் பிறகு பெரும்பாலான வருஷங்களில் 2-க்கும் 4-க்கும் நடுவில்தான். 3 டாலர் என்றால் ரூபாயில் 250-க்கு மேல். உங்கள் சிலிண்டர் பில்லை எடுத்துப் பக்கத்தில் வையுங்கள், மகன் ஏன் அப்படிப் பேசுகிறான் என்று உங்களுக்கே புரியும்.

ஆனால் தலைவாசல் மார்க்கெட்டை நினைத்துப் பாருங்கள். வரத்து மிஞ்சும் நாளில் அங்கே தக்காளியைக் கேட்க ஆள் இருக்காது, அதே நாளில் சென்னையில் கிலோ நல்ல விலைக்குப் போகும். இடையில் லாரி, சுங்கம், கூலி, கழிவு. தக்காளியாவது கூடையில் போகும். எரிவாயுவுக்குக் குழாய் இல்லாவிட்டால் மதிப்பே இல்லை. டெக்சாஸின் பெர்மியன் பகுதியில் எண்ணெய்க்காகத் தோண்டும் கிணறுகளிலிருந்து வாயுவும் கூடவே வரும், வெளியே கொண்டுபோகக் குழாய் போதாது. அதனால் 2019-லும் 2024-லும் வாஹா என்ற சந்தையில் விலை பூஜ்யத்துக்குக் கீழே போனது, எடுத்துக்கொண்டு போகிறவருக்கு விற்பவரே காசு கொடுத்தார்!

அதைக் கடல் தாண்டி அனுப்ப வேண்டுமானால் மைனஸ் 162 டிகிரி வரை குளிர்வித்துத் திரவமாக்க வேண்டும், அப்போது கன அளவு 600-ல் ஒரு பங்காகும். அப்புறம் கப்பல், இங்கே எண்ணூரிலோ கொச்சியிலோ மறுபடி வாயுவாக்குவது, சுங்க வரி, குழாய்க் கட்டணம், ஊருக்குள் விநியோகச் செலவு, மாநில வாட் வரி. நம் கெயில் நிறுவனம் 2011 டிசம்பரில் அமெரிக்காவின் செனியர் என்ற எரிவாயு ஏற்றுமதி நிறுவனத்தோடு 20 வருஷ ஒப்பந்தம் போட்டது. 2018-ல் முதல் கப்பல் மகாராஷ்டிராவின் தாபோலுக்கு வந்தது. அதன் விலை விதி ஹென்றி ஹப் விலையில் 115 சதவீதம், அதோடு 3 டாலர் நிலையான கட்டணம். அங்கே 3 டாலர் என்றால் 3.45, அதோடு 3 சேர்த்து 6.45. கப்பல் வாடகை இன்னும் ஏறவே இல்லை, அதற்குள் விலை இரண்டு மடங்கு. அங்கே விலை 1 டாலர் இறங்கினால் இங்கே 1.15 டாலர்தான் இறங்கும், மீதிச் செலவெல்லாம் அப்படியே நிற்கும். மகன் விட்டுவிட்ட கணக்கு இதுதான்.

அப்படியானால் ஷேலால் நமக்குப் பயனே இல்லையா? இருக்கிறது, ஆனால் அது வேறு வழியாக வந்தது. எரிவாயு இறக்குமதி செய்யத்தான் அமெரிக்கர்கள் முதலில் சபைன் பாஸ் முனையத்தைக் கட்டினார்கள். ஷேல் வந்ததும் அதே இடத்திலிருந்து 2016 பிப்ரவரியில் ஏற்றுமதி தொடங்கியது. 2023-ல் உலகிலேயே அதிகமாகத் திரவ எரிவாயு ஏற்றுமதி செய்யும் நாடு அமெரிக்கா. அமெரிக்கா வாங்கும் என்று நம்பிக் கத்தார் தயார் செய்திருந்த சரக்கும் அதற்கு முன்பே வேறு சந்தைகளுக்குத் திரும்பியிருந்தது. அதுவரை ஆசியாவுக்கு வரும் எரிவாயு கச்சா எண்ணெய் விலையோடு கட்டிப்போடப்பட்டிருந்தது, கப்பல் எந்தத் துறைமுகத்தில் இறங்க வேண்டும் என்பதைக்கூட விற்பவரே சொல்வார். அமெரிக்கச் சரக்கில் அந்த நிபந்தனை இல்லை. எண்ணெய் விலையும் விழுந்திருந்த 2015 கடைசியில் திரவ எரிவாயு இறக்குமதி செய்யும் நம் பெட்ரோநெட் நிறுவனம், கத்தாரோடு வைத்திருந்த பழைய ஒப்பந்தத்தின் விலை விதியை மாற்றி எழுத வைத்தது. 12, 13 டாலர் இருந்தது ஏறக்குறைய பாதியானது. வாங்குபவர் கையில் வேறு கடை இருக்கிறது என்று விற்பவருக்குத் தெரிந்தால் பேச்சே மாறும், செவ்வாப்பேட்டையில் பருப்பு வாங்கும் உங்களுக்கு இதை நான் சொல்லத் தேவையில்லை.

இதற்கு ஒரு மறுபக்கமும் உண்டு, பயம் எனக்கு அதில்தான். கப்பல் எங்கே வேண்டுமானாலும் போகலாம் என்றால், அதிகம் கொடுப்பவரிடம்தான் போகும். ஆசியாவில் நீண்ட ஒப்பந்தம் இல்லாமல் அவ்வப்போது வாங்கும் உடனடிச் சரக்கின் விலை 2020 ஏப்ரல் கடைசியில் 2 டாலருக்கும் கீழே இருந்தது. இரண்டே வருஷம் கழித்து, ரஷ்யக் குழாய் வாயு குறைந்து ஐரோப்பா கிடைத்ததையெல்லாம் வாங்கியபோது, 2022 ஆகஸ்டில் அது 60 டாலரைத் தாண்டியது. பாகிஸ்தான் டெண்டர் விட்டும் சரக்கு கொடுக்க ஆள் வரவில்லை. அதே 2022 ஜூனில் டெக்சாஸின் ஃப்ரீபோர்ட் முனையத்தில் தீ விபத்து நடந்து ஏற்றுமதி நின்றது. நின்றதும் அமெரிக்காவில் விலை இறங்கியது, ஐரோப்பாவில் ஏறியது. ஒரே விபத்து, இரண்டு கரையிலும் எதிரெதிர் விளைவு. "அமெரிக்காவில் கேஸ் விலை சரிந்தது" என்ற செய்தியைப் பார்த்து இங்கே சந்தோஷப்படுவதற்கு முன் ஏன் சரிந்தது என்று கேட்க வேண்டும்.

உங்கள் இணைப்புக்கு இது நேரடியாகப் பொருந்தும். நாட்டுக்குள் எடுக்கும் மலிவான எரிவாயுவை அரசு முதலில் வீட்டு அடுப்புக்கும் வண்டிகளுக்கான சி.என்.ஜி.க்கும் ஒதுக்குகிறது. கடைக்கும் ஆலைக்கும் பெரும்பாலும் கப்பலில் வந்த வாயுவின் விலைதான். பக்கத்து வீட்டுக் குழாய் பில்லைப் பார்த்து உங்கள் பில்லும் அப்படித்தான் வரும் என்று நினைத்துவிடாதீர்கள்.

இன்னொன்று, பலருக்குத் தெரியாதது. ஷேல் உங்கள் பட்டறைக்கு வந்து பல வருஷம் ஆகிறது, குழாய் வழியாக அல்ல, சிலிண்டர் வழியாக. ஷேல் கிணற்றில், குழாயில் வரும் வாயுவான மீத்தேனோடு புரொப்பேனும் பியூட்டேனும் வருகின்றன. சிலிண்டருக்குள் இருப்பதே அவைதான். எல்.பி.ஜி. ஏற்றுமதியிலும் இப்போது அமெரிக்காதான் முதலிடம். நாம் செலவழிக்கும் எல்.பி.ஜி.யில் பாதிக்கு மேல் இறக்குமதி, அதிகமும் வளைகுடாவிலிருந்து. மாதா மாதம் சவூதி அராம்கோ அறிவிக்கும் விலையை ஒட்டித்தான் உங்கள் கமர்ஷியல் சிலிண்டர் விலை 1-ஆம் தேதி மாறுகிறது. 2014 ஜனவரியில் புரொப்பேன் டன் 1,010 டாலர், 2020 ஏப்ரலில் 230, 2022 ஏப்ரலில் 940. ஆசியாவுக்கு வரும் அமெரிக்கக் கப்பல்கள் சவூதி விலையோடு போட்டி போடுகின்றன, 2026-க்கு 22 லட்சம் டன் அமெரிக்க எல்.பி.ஜி. வாங்க நம் பொதுத்துறை நிறுவனங்களும் ஒப்பந்தம் போட்டிருக்கின்றன. ஆக, சிலிண்டரை விட்டுக் குழாய்க்குப் போனால் உலகச் சந்தையை விட்டு ஒதுங்கிவிடலாம் என்பதும் இல்லை, குழாய்க்குப் போனால்தான் ஷேல் மலிவு கிடைக்கும் என்பதும் இல்லை. இரண்டும் ஒரே ஆட்டத்தில் இருக்கின்றன, ஆனால் ஒரே நாளில் ஏறி இறங்குவதில்லை. உங்களுக்கு லாபம் அந்த இடைவெளியில்தான்.

சரி, கணக்கு. 19 கிலோ சிலிண்டர் ஒன்று சுமார் 24 கன மீட்டர் குழாய் வாயுவுக்குச் சமம். உங்கள் 30 சிலிண்டர் என்பது மாதம் 720 கன மீட்டர். சிலிண்டருக்கு 18 சதவீத ஜி.எஸ்.டி. உண்டு, அதை நீங்கள் இன்புட்டாக எடுக்கலாம், அதாவது நீங்கள் கட்ட வேண்டிய ஜி.எஸ்.டி.யில் கழித்துக்கொள்ளலாம். இயற்கை எரிவாயு ஜி.எஸ்.டி.க்குள் வரவில்லை, அதன் வாட் வரியைத் திரும்ப எடுக்க முடியாது. உதாரணமாகச் சிலிண்டர் 1,800 ரூபாய் என்று வையுங்கள். வரி நீக்கினால் 1,525. 24-ஆல் வகுத்தால் 63 ரூபாய் சொச்சம். எல்லா வரியும் சேர்த்துக் குழாய் வாயு கன மீட்டர் 63-க்குக் கீழே இருந்தால்தான் உங்களுக்கு லாபம். நீங்கள் விற்பனையில் ஒரு சிறு சதவீதத்தை மட்டும் வரியாகக் கட்டும் கம்போசிஷன் முறையில் இருந்தால் இன்புட் இல்லை, அப்போது 1,800-ஐயே வகுக்க வேண்டும், 75 வரை தாங்கும். இந்த 12 ரூபாய் வித்தியாசத்தைக் கவனிக்காமல் மாறியவர்கள் உண்டு. எனக்குத் தெரிந்த ஒரு பேக்கரிக்காரர் வரி சேர்த்த சிலிண்டர் விலையை வரி சேர்த்த குழாய் விலையோடு ஒப்பிட்டு மாறிவிட்டு, ஒரு வருஷம் கழித்து ஆடிட்டர் சொல்லித்தான் நஷ்டத்தை உணர்ந்தார்.

சிலிண்டரின் அடியில் கொஞ்சம் வாயு எரியாமல் திரும்பிப் போகும், குளிர் நாளில் இன்னும் அதிகம். ஏற்காட்டில் மார்கழி காலையில் சிலிண்டரை வெந்நீரில் நிறுத்துகிற சமையல்காரர்களைக் கேட்டால் சொல்வார்கள். குழாயில் அந்த இழப்பு இல்லை, சிலிண்டர் மாற்றும் வேலையும் இல்லை, அதற்கும் ஒரு மதிப்புப் போடுங்கள். பாதுகாப்பிலும் குழாய் வாயுவுக்கு ஒரு நன்மை: அது காற்றை விட இலேசு, கசிந்தால் மேலே போகும், எல்.பி.ஜி. தரையில் தேங்கும். எண்ணெய்ச் சட்டி வைத்து வேலை செய்யும் இடத்தில் இது சின்ன விஷயமில்லை. ஆனால் மேலே ஜன்னலோ திறப்போ இருக்க வேண்டும்.

ஒப்பந்தத்தில் நான் முதலில் பார்ப்பது விலையை அல்ல, விலை எதன்படி மாறும் என்ற வரியை. கச்சா எண்ணெயோடு சேர்த்திருக்கிறதா, ஹென்றி ஹப்போடா, அல்லது கமர்ஷியல் சிலிண்டர் விலையில் இத்தனை சதவீதம் தள்ளுபடி என்றா? "நிறுவனம் அவ்வப்போது அறிவிக்கும் விலை" என்று மட்டும் இருந்தால் ஐந்து வருஷத்துக்குக் கையெழுத்து வேண்டவே வேண்டாம், ஒரு வருஷத்துக்குப் போடுங்கள். அடுத்தது, குறைந்தபட்சக் கொள்முதல். எடுத்தாலும் எடுக்காவிட்டாலும் இத்தனை கன மீட்டருக்குப் பணம் என்று இருக்கும். தீபாவளிக்கு முன் உங்கள் அடுப்பு நிற்காது, ஆடியில் பாதி நாள் அணைந்திருக்கும். 720 என்று எழுதிக் கொடுத்துவிடாதீர்கள், மிக மந்தமான மாதம் எதுவோ அதை வைத்துப் பேசுங்கள்.

சிலிண்டர் கணக்கை மூட வேண்டாம் என்று சொன்னதற்குக் காரணம் குஜராத்தின் மோர்பி. டைல்ஸ் சூளைகள் முழுக்கக் குழாய் வாயுவில் ஓடிய ஊர் அது. 2022-ல் விலை ஏறியதும் நிறைய ஆலைகள் புரொப்பேனுக்கு மாறித்தான் தாக்குப் பிடித்தன, மாற வசதி வைத்திருந்ததால் முடிந்தது. உங்கள் அளவுக்குப் பெரிய ஏற்பாடு எதுவும் தேவையில்லை. எல்.பி.ஜி. பர்னரை அப்படியே குழாயில் மாட்டினால் தீ சிறுத்துப்போகும், குழாய் வாயுவுக்கு ஜெட் துளை பெரிதாக வேண்டும், அழுத்தமும் குறைவு. இணைப்பு கொடுக்க வருகிறவர்கள் ஜெட்டை மாற்றித் தருவார்கள். கழற்றிய பழைய ஜெட்களைத் தூக்கிப் போட விடாமல் வாங்கி, எந்த அடுப்புக்கு எது என்று எழுதி ஒரு டப்பாவில் போட்டு வையுங்கள். இரண்டு அடுப்பை மட்டும் மாற்றாமல் சிலிண்டரிலேயே விடுங்கள், மாதம் நாலைந்து சிலிண்டர் அதில் ஓடட்டும், ஏஜென்சியில் உங்கள் பெயர் நடப்பில் இருக்கும்.