ஜாஸ்பரில் தெரியும் மலை

அன்புள்ள ஐயா,

நான் அமெரிக்காவில் ஓரிகன் மாநிலத்து ஹில்ஸ்பரோவில், கணினிச் சிப் தயாரிக்கும் நிறுவனம் ஒன்றில் பொறியாளராக இருக்கிறேன். சொந்த ஊர் தென்காசிப் பக்கம். சில ஆண்டுகளாக விடுமுறைகளில் மாநிலத்தின் தென்கிழக்கு மூலையில் ஓடும் ஒவாய்ஹி ஆற்றுப் பக்கம் போய் ஜாஸ்பர் கற்களைப் பொறுக்கிவந்து, கார் ஷெட்டில் வைத்து அறுத்து மெருகேற்றுகிறேன். கையில் பிடிக்கும் கிரைண்டர்தான். தூசி வரும், முகத்தில் கைக்குட்டை கட்டிக்கொள்வேன். சென்ற மாதம் ஒரு கல்லை அறுத்தபோது உள்ளே எங்கள் ஊர் மலை அப்படியே இருந்தது. கீழே அறுவடை முடிந்த வயல், நடுவே நீலம் பாய்ந்த மலைத்தொடர், மேலே சாரல் மேகம், ஓரத்தில் சின்னச் சின்ன மரங்கள்கூட. கண் கலங்கிவிட்டது. அதே இடத்தில் எடுத்த, தலையணை அளவுள்ள இன்னொரு கல் அறுக்கப்படாமல் இருக்கிறது. கோடிக்கணக்கான ஆண்டுகள் முழுதாக இருந்ததை அறுக்க எனக்கு என்ன உரிமை என்று தோன்றுகிறது. அறுக்கலாமா, விட்டுவிடலாமா? ஜாஸ்பர் மன அமைதி தரும் என்கிறார் உடன் வேலை செய்பவர். இணையத்தில் விற்றால் நல்ல காசு என்கிறார் இன்னொருவர். எல்லாமே வெட்டிவேலை என்கிறார் மனைவி.

க., ஹில்ஸ்பரோ

அன்புள்ள க.,

சில வாரங்களாகத் திருவக்கரையின் கல்மரங்களை, அதாவது கல்லாகிப்போன பழைய மரங்களைப் பற்றி யோசித்துக்கொண்டிருந்தேன். அந்த நேரத்தில் உங்கள் கடிதமும் படங்களும் வந்தன. இல்லாவிட்டால், ஒரு கல்லை அறுக்கலாமா என்ற கேள்விக்கு நான் பதில் எழுத உட்கார்ந்திருக்கமாட்டேன்.

சில்லறை விஷயங்களை முதலில் ஒதுக்கிவிடுகிறேன். ஜாஸ்பர் என்பது இரும்புக் கறை ஏறிய சிலிக்கா, அதாவது மணற்சத்து; உங்கள் மனத்தைப் பற்றி அதற்கு ஒன்றும் தெரியாது. விற்கும் பேச்சை விடுங்கள். நீங்கள் பொறுக்கியது கூட்டரசின் பொதுநிலம் என்றால், அங்கே சொந்தச் சேகரிப்புக்கு அளவோடு எடுத்துக்கொள்ளத்தான் அனுமதி, வியாபாரத்துக்கு அல்ல. மனைவியிடம் வாதாடாமல் ஷெட்டில் பாதியை அவருக்கு ஒழித்துக் கொடுங்கள்.

ஆனால் அந்தக் கைக்குட்டையை என்னால் ஒதுக்க முடியவில்லை. பகலெல்லாம் தூசியே நுழையாத அறைகளைச் சுற்றி வேலை செய்யும் ஒரு பொறியாளர், மாலையில் வீட்டுக்கு வந்து ஜாஸ்பரை, அதாவது குவார்ட்ஸ் என்ற சிலிக்காவை, தண்ணீரில்லாமல் அறுத்து, அதன் பொடியைச் சுவாசிக்கிறார் என்பதைப் படித்தபோது எனக்கு வந்தது கோபம்தான். நுரையீரலின் அடிவரை போகிற சிலிக்காத் துகள் கண்ணுக்கே தெரியாது. கைக்குட்டை அதைத் தடுக்காது. குஜராத்தின் கம்பாத்தில் அகேட் கல்லைத் தீட்டுகிறவர்களுக்குச் சிலிகோசிஸ் என்ற நுரையீரல் நோய் வருவது மருத்துவர்கள் பலகாலமாகப் பதிவு செய்துவரும் விஷயம். அகேட்டும் ஜாஸ்பரும் ஒரே கனிமத்தின் இரண்டு வடிவங்கள். சமையலறை மேடைக்கான செயற்கைக் கல்லை அறுத்தவர்களின் நுரையீரல் பாழானதைப் பார்த்துத்தான் ஆஸ்திரேலியா 2024 ஜூலை 1 முதல் அந்தக் கல்லையே தடைசெய்தது. வந்தபின் குணப்படுத்த மருந்து கிடையாது. வைரத்தூள் பதித்த வட்டும், தண்ணீரோ எண்ணெயோ ஓடும் தொட்டியும் உள்ள அறுவை இயந்திரம் வாங்குங்கள். சரியான முகக்கவசம் போடுங்கள். தரையைக் கூட்டாதீர்கள், ஈரத்துணியால் துடையுங்கள். அதுவரை ஒரு கல்லையும் தொடவேண்டாம்.

இனி உங்கள் மலைக்கு வருகிறேன். அந்தப் படத்தைப் பார்த்தேன். ஒப்புமை இருக்கிறது, மறுக்கவில்லை. ஊரைவிட்டு அவ்வளவு தூரத்தில் இருப்பவருக்கு, தான் பொறுக்கிய கல்லுக்குள் சாரல் பருவம் தெரிந்தால் கண் கலங்காமல் என்ன செய்யும்? அந்தக் கண்ணீரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனால் அதே துண்டை ஹில்ஸ்பரோவில் பிறந்து வளர்ந்த ஒருவரிடம் காட்டுங்கள். அவர் ஓரிகனின் பாலைநிலத்து மேட்டையும் அந்திவானத்தையும் பார்ப்பார். துண்டைத் தொண்ணூறு டிகிரி திருப்பினால் உங்கள் மலையும் இராது, அவர் மேடும் இராது. இந்த வகைக் கல்லுக்குப் படக்கல் என்ற பொருளில் பெயரே வைத்து, எது நிலக்காட்சி போலிருக்கிறதோ அதற்கு அதிக விலை போட்டு விற்கிறார்கள். அப்படி விற்பவர்களும் நீங்களும் கல்லிடம் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறீர்கள்: நான் ஏற்கெனவே அறிந்த எதைப் போல நீ இருக்கிறாய்?

எனக்கு இதில்தான் தகராறு. உங்கள் ‘மரங்கள்’ மரங்களல்ல, மரங்களின் தடமும் அல்ல. கல்லில் விழுந்த மயிரிழை விரிசல் வழியே மாங்கனீசு கலந்த நீர் ஊடுருவி, ஆக்சைடாகப் படிந்து, கிளைத்துக் கிளைத்துப் பரவிய கறை அது. ஒரு கைலென்ஸை வைத்துப் பார்த்தால் எந்தக் கிளைக்கும் இலையில்லை என்பதும், எல்லாம் ஒரே விரிசல் கோட்டிலிருந்து புறப்படுகின்றன என்பதும் தெரியும். உங்கள் ‘வயலின்’ பழுப்பும் மஞ்சளும் இரும்பின் ஆக்சைடுகள். அவை ஏன் வரிவரியாக நிற்கின்றன என்பது உங்கள் மலையைவிடப் பெரிய அதிசயம். 1896இல் லீசெகாங் என்ற ஜெர்மானியர், பொட்டாசியம் டைகுரோமேட் கலந்த ஜெலட்டின் பூச்சின்மேல் ஒரு சொட்டு வெள்ளி நைட்ரேட்டை விட்டார். படிவு ஒரே பரப்பாகப் பரவவில்லை. இடைவெளி விட்டு விட்டு, வளையம் வளையமாகப் பரவியது. யாரும் வரையவில்லை, யாரும் அளக்கவில்லை. உங்கள் கல்லின் வரிகளிலும் அதே வகை நிகழ்வுக்குப் பங்கிருக்கலாம். சுமார் ஒன்றரைக் கோடி ஆண்டுகளுக்கு முன் எரிமலைகள் கொட்டிய சாம்பலும் சேறும் சிலிக்கா ஊறிய நீரில் மெல்ல மெல்ல இறுகிய காலத்தின் பதிவு அது. அதன்மேல் தென்காசியை ஒட்டவைத்துவிட்டு அழுகிறீர்கள். எனக்கு மலை பார்க்கவேண்டுமென்றால் குற்றாலத்துக்குப் பேருந்து ஏறிக்கொள்வேன், க.; ஜாஸ்பரில் நான் பார்க்க விரும்புவது ஜாஸ்பரை.

திருவக்கரை என்றேனே. விழுப்புரம் மாவட்டத்தில், வக்ரகாளியம்மன் கோயிலுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது அந்தக் கல்மரப் பூங்கா. சுமார் இரண்டு கோடி ஆண்டு பழமையான மரங்கள் மண்ணுக்குள் புதைந்து, மரத்தின் திசுக்களுக்குள் சிலிக்கா நுழைந்து நிறைந்து, வரி மாறாமல் கல்லாகிக் கிடக்கின்றன. ஐரோப்பியர்களில் சொனெரா என்ற பிரெஞ்சு இயற்கையியலாளர் 1781இலேயே இவற்றைப் பற்றி எழுதிவிட்டார். நிலவியல் படித்த நண்பர் ஒருவருடன் போயிருந்தேன். உடைந்த குறுக்குமுகத்தில் எச்சில் தொட்டுத் தடவி லென்ஸை வைத்தார். ஆண்டு வளையம் போன்ற வரிகள் ஈரத்தில் மேலெழுந்து வந்தன, காய்ந்ததும் மங்கின. வேலிக்கு வெளியே ஆடு மேய்த்துக்கொண்டிருந்த முதியவர், இதெல்லாம் அம்மன் காலத்து அசுரனின் எலும்பு என்றார். நண்பர் பொறுமையாக, இது மரம்தான், நீரில் கரைந்த மணற்சத்து உள்ளே ஏறிக் கல்லாகிவிட்டது என்று விளக்கினார். பெரியவர் முழுவதும் கேட்டுவிட்டு, “மரம்னா வேரு எங்க? கெளை எங்க? ஒண்ணுல கூட இல்லையே” என்றார்.

நண்பர் வாயடைத்து நின்றார். ஏனென்றால் நிலவியலாளர்கள் கேட்ட கேள்வியும் அதுவேதான். வேரும் கிளையும் இலையும் காணாததை வைத்துத்தான், இவை அங்கே நின்ற காடு அல்ல, வேறெங்கோ இருந்து ஆற்று வெள்ளம் உருட்டிக் கொண்டுவந்து ஒதுக்கிய அடிமரங்கள் என்று அவர்கள் முடிவுக்கு வந்தார்கள். அசுரனை நம்பும் அந்த மனிதர் ஆயுள் முழுவதும் அந்தக் கட்டைகளை உற்றுப் பார்த்திருக்கிறார். எது இருக்கிறது, எது இல்லை என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது. அவருடைய கதைகூட, ‘இவ்வளவு பெரிய உருளைக் கல் இங்கே எப்படி வந்தது?’ என்று அந்தப் பொருளைப் பார்த்துக் கேட்டதிலிருந்து பிறந்த கதை. உங்கள் மலையில் அந்தக் கேள்வி இல்லை. கல் எங்கிருந்து வந்தது என்று கேட்கும் முன்பே நீங்கள் ஊர்போய்ச் சேர்ந்துவிட்டீர்கள்.

நீங்கள் அனுப்பிய படங்களில் எல்லாமே மெருகேற்றிய முகங்கள். ஒன்றில்கூட மேல்தோல் இல்லை. அதை என்ன செய்தீர்கள், எறிந்துவிட்டீர்களா? கல் பாறையில் பதிந்திருந்ததா, ஆற்றுச் சரளையில் உருண்டு கிடந்ததா, மேலும் கீழும் என்ன பாறை, எந்தப் பக்கம் வானத்தைப் பார்த்திருந்தது என்று ஒரு வரியாவது குறித்தீர்களா? குறித்ததாகக் கடிதத்தில் அடையாளமே இல்லை. கோடி ஆண்டு பழமையைப் பற்றி உருகுகிறவர், அதை எடுத்த இடத்தை ஒரு துண்டுத் தாளில் எழுதிவைக்கவில்லை.

உரிமையைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். பனியும் ஆறும் யாரைக் கேட்டு அந்தக் கற்களை உடைக்கின்றன? அறுங்கள். இயந்திரம் வந்தபிறகு, தண்ணீர் ஓட்டி அறுங்கள். அதற்குமுன் கல்லை எல்லாப் பக்கமும் படமெடுத்து, நினைவிலிருக்கும் வரையில் இடத்தைக் குறித்துவையுங்கள். அழகான முகம் எது என்று தேடாமல், படிவு வரிகளுக்குச் செங்குத்தாக ஒரே ஒரு வெட்டுப் போடுங்கள். தோல் ஒட்டிய முதல் துண்டைத் தீட்டாமல் வையுங்கள். அந்தத் துண்டை நனைத்து, பக்கத்தில் அளவுகோல் வைத்துப் படமெடுத்து அனுப்பினால் நண்பரிடம் காட்டுகிறேன். பதில் சொல்ல அவர் வெகு நாள் எடுத்துக்கொள்வார். நீங்கள் நினைவூட்டல் அனுப்பினால் இன்னும் தாமதமாகும்.

அன்புடன்