வாடகை பாக்கிக்காக ஜீப்பைப் பிடித்து வைக்க முடியுமா?

கேள்வி: காட்டுப்பாதையில் ஓட்டுவதற்காக மாற்றியமைத்த ஜீப்பை டிரெய்லரில் ஏற்றி, பெல்ட்டால் இறுக்கிக் கட்டி, நண்பரின் ஷெட்டில் விட்டிருந்தேன். நாலைந்து மாதம் என்றுதான் பேச்சு, இரண்டு வருடம் ஓடிவிட்டது. வாடகை பற்றி அப்போது பேசவே இல்லை. இப்போது மாதக் கணக்குப் போட்டு வாடகை கேட்கிறார். டிரெய்லருக்குப் பேரிங் மாற்றியதாகத் தனியாக ஒரு பில்லும் தருகிறார். சண்டையைத் தவிர்க்க, "எல்லாத்தையும் செட்டில் பண்ணிட்டுத்தான் வண்டியை எடுப்பேன்" என்று வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். டயர்கள் வெடிப்பு விட்டிருக்கின்றன, வயர்களை எலி கடித்திருக்கிறது. பழகிய பழக்கத்துக்கு இதுதான் மரியாதையா? பூட்டை உடைத்து என் வண்டியை நானே இழுத்து வந்தால் என்ன?

பதில்: பழக்கம், மரியாதை பற்றிய பக்கங்களை ஒதுக்கி வைத்துவிட்டேன், நீங்களும் ஒதுக்கிவிடுங்கள். பார்க்க வேண்டியது ஒன்றுதான்: வண்டியைத் தராமல் பிடித்து வைக்க அவருக்குச் சட்டப்படி உரிமை இருக்கிறதா?

வாடகைக்காக என்றால், சாதாரணமாகக் கிடையாது. இந்திய ஒப்பந்தச் சட்டம், 1872, பிரிவு 170-இன்படி, ஒப்படைத்த பொருளின்மேல் உழைப்போ திறமையோ செலவழித்தவர்தான் அதற்கான கூலி வரும்வரை அந்தப் பொருளை நிறுத்தி வைக்கலாம். ஷெட்டில் இடம் கொடுத்தது உழைப்பு ஆகாது. மற்ற பாக்கிகளுக்காகப் பிடித்து வைக்கும் உரிமையைப் பிரிவு 171 வங்கி போன்ற ஒருசிலருக்குத்தான் கொடுக்கிறது. வேறு யாராக இருந்தாலும் வெளிப்படையான ஒப்பந்தம் வேண்டும். கூலி பேசாமல் வைத்துக்கொண்டவருக்குப் பிரிவு 158 தருவது அவசியச் செலவை மட்டும்தான்.

இதுவரை உங்கள் பக்கம். அப்புறம் அந்த வாட்ஸ்அப் வரி. வாடகையை ஒத்துக்கொண்டதாகவும், பணம் வரும்வரை வண்டி அங்கேயே இருக்கலாம் என்று ஒப்பந்தம் செய்ததாகவும் எதிர்த்தரப்பு வக்கீல் அதைத்தான் முதலில் நீட்டுவார். பதில் சொல்ல எனக்கும் வாதம் இருக்கிறது. ஆனால் அந்த வாதத்தைச் சிவில் கோர்ட்டில் வைப்பது வேறு, பூட்டை உடைத்துவிட்டுப் போலீஸ் ஸ்டேஷனில் நின்றுகொண்டு வைப்பது வேறு.

பேரிங் பில் இன்னும் சிக்கல். அது உழைப்பு, சந்தேகமே இல்லை. நீங்கள் கேட்டுச் செய்த வேலை என்றால், டிரெய்லரை மட்டும் அவர் நிறுத்தி வைக்க முடியும். ஜீப் தனிப் பொருள், இந்தப் பில்லுக்காக அதைத் தொட முடியாது. சட்டம் இப்படிப் பிரித்துப் பார்க்கும். ஆனால் ஜீப் உட்கார்ந்திருப்பதே டிரெய்லர் மேல்தான்!

இப்போது பூட்டு. "என் பொருளை நான் எடுத்தால் அது எப்படித் திருட்டு?" என்று கேட்டுக்கொண்டு முன்ஜாமீனுக்கு வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். திருட்டுச் சட்டத்துக்குப் பொருள் யாருக்குச் சொந்தம் என்பதைவிட, யார் கைவசம் இருந்தது என்பதுதான் முக்கியம். பழைய தண்டனைச் சட்டத்தின் 378-ஆம் பிரிவிலேயே இதற்குக் கடிகார உதாரணம் உண்டு, இப்போது அந்தப் பிரிவு, அந்தச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் 303. பழுதுபார்த்த கூலி பாக்கியிருக்க, கடைக்காரர் முறைப்படி நிறுத்தி வைத்த சொந்தக் கடிகாரத்தை, கூலிக்கு ஈடாக இருந்த அந்தப் பிணையை இல்லாமல் செய்யும் நோக்கத்தோடு எடுத்துப் போனால் திருட்டு. பாக்கியே இல்லாமல் பலவந்தமாகப் பிடுங்கினால் திருட்டு இல்லை, அத்துமீறலும் தாக்குதலும் ஆகலாம். பேரிங் பாக்கியோடு நீங்கள் எந்தப் பக்கம் நிற்கிறீர்கள் என்று யோசியுங்கள். ராத்திரியில் இழுவை வண்டியோடு போனால், நாளைக்கு ஷெட்டில் எது காணாமல் போனாலும் உங்கள் பெயர்தான் வரும்.

சேதத்துக்கு நஷ்டஈடு கேட்கலாமா? ஒப்பந்தச் சட்டத்தின் பிரிவு 151 அவரிடம் எதிர்பார்ப்பது, சாதாரண விவேகமுள்ளவர் தன் பொருளுக்குக் காட்டும் கவனம். கூரையும் பூட்டும் இருந்தால் பெரும்பாலும் போதும். டயர் வெடிப்பதும் பேட்டரி இறங்குவதும் பழைய பெட்ரோல் கெடுவதும் நின்ற வண்டிக்கு வருபவை. இரண்டு வருடம் எட்டிப் பார்க்காதவர் நீங்கள். எலி விஷயத்தில் ஏதாவது வாதாடலாம், அதை நம்பி வழக்குப் போடாதீர்கள்.

சமரசம் செய்துகொள்ளுங்கள். முதலில் பேரிங் பில்லை மட்டும் தனியாகக் கட்டி, எதற்கு என்று எழுதிய ரசீது வாங்குங்கள். வாடகைக்கு ஒரு மொத்தத் தொகை பேசுங்கள். இறங்கி வரவில்லை என்றால் "ஆட்சேபத்துடன் செலுத்துகிறேன்" என்று எழுதிக் கட்டி வண்டியை வெளியே எடுத்துவிட்டு, அதிகமாகக் கொடுத்ததைப் பிறகு கேளுங்கள். வழக்கு முடியும்வரை அதே ஷெட்டில் நிற்கும் வண்டி இன்னும்தான் பாழாகும். பணத்தை வாங்கவும் மறுத்தால் அப்போது நோட்டீஸ். கேட்டு அவர் மறுத்த நாளிலிருந்து மூன்று வருடத்துக்குள் வழக்குப் போட வேண்டும், அதனால் மறுப்பு எழுத்தில் இருக்கட்டும்.

போகும் முன் டிரெய்லருக்குத் தனி ஆர்சி உங்கள் பெயரில் இருக்கிறதா என்று பாருங்கள். மோட்டார் வாகனச் சட்டத்தில் டிரெய்லரும் ஒரு வாகனம். அது இல்லாமல் ரோட்டில் இழுத்தால் அடுத்த பிரச்சினையை நீங்களே கூடவே கட்டி இழுத்து வருவீர்கள்.