திடீரென நின்ற ஆர்.எக்ஸ். 100: ரீபோருக்குச் சம்மதிக்கும் முன்

பொள்ளாச்சியிலிருந்து ஒரு வாசகர் கேட்கிறார்: "மண் தடத்தில் ஓட்டுவதற்காக மாற்றியமைத்த யமஹா ஆர்.எக்ஸ். 100 வைத்திருக்கிறேன். ஆயிலைத் தானாகவே எஞ்சினுக்குச் செலுத்தும் ஆட்டோலூப் பம்பைக் கழற்றிவிட்டு, பெட்ரோலிலேயே ஆயிலைக் கலந்து ஊற்றுகிறேன். கடைசியாக ஓட்டியபோது முதல் உதையிலேயே கிளம்பிய வண்டி, மூன்று வாரம் நிறுத்தி வைத்த பிறகு எவ்வளவு உதைத்தும் கிளம்பவில்லை. சிலிண்டரை உட்புறம் கடைந்து ரீபோர் செய்ய வேண்டும், ஜப்பான் சிலிண்டர் செட் வாங்கித் தர ஆள் இருக்கிறது என்கிறார் மெக்கானிக். செய்யலாமா?"

இப்போதைக்குச் செய்யாதீர்கள். சிலிண்டரும் பிஸ்டன் ரிங்கும் மாதக்கணக்கில் தேய்பவை. அப்படித் தேய்ந்த வண்டி முதலில் இழுவை குறைந்து, பிறகு இரண்டு மூன்று உதை கேட்டு, முன்கூட்டியே அறிகுறி காட்டியிருக்கும். நன்றாக ஓடி நிறுத்திய வண்டி அடுத்த முறை கிளம்பவில்லை என்றால், பெட்ரோல் வரவில்லையா, பொறி வரவில்லையா என்பதே முதல் கேள்வி.

அதற்கு விடை சொல்வது ஸ்பார்க் பிளக். பத்து முறை உதைத்தபின் அதைக் கழற்றிப் பாருங்கள். நனைந்திருந்தால் பெட்ரோல் வருகிறது. பொறி இல்லை அல்லது ஓவர்ஃப்ளோ ஆகியிருக்கிறது. பெட்ரோல் குழாயை மூடி, சாவியை அணைத்து, ஆக்சிலேட்டரை முழுவதும் திருகியபடி, பிளக் இல்லாமலே பத்துப் பதினைந்து முறை உதைத்தால் உள்ளே தேங்கியது வெளியேறும். ஆவி கலைந்த பிறகு, வேறொரு நல்ல பிளக்கை மூடியில் செருகி, அதன் உலோகப் பகுதி ஹெட்டைத் தொடும்படி, பிளக் துளையிலிருந்து நன்றாகத் தள்ளிப் பிடித்து, சாவியைப் போட்டு உதையுங்கள். துளையருகே பிடித்தால் தீப்பற்றக்கூடும். நீலப் பொறி வரவில்லையெனில், பொறிக்கு மின்சாரம் தரும் காயிலை மாற்றுவதற்கு முன், எஞ்சினை அணைக்கும் கில் சுவிட்ச் ஒயரைக் கழற்றிவிட்டுச் சோதியுங்கள். மண்ணில் விழுந்து எழும் வண்டிகளில் அந்த ஒயர் நசுங்கி சட்டத்தில் படுவது மிகச் சாதாரணம். அடுத்தது, பொறிக்கான மின்சாரத்தை இணைத்துத் துண்டிக்கும் பாயிண்ட். மூன்று வாரம் ஈரத்தில் நின்றாலே அதன் முனை பூத்துப்போகும். மெல்லிய எமரித் தாளால் துடைத்து, இடைவெளியை 0.3 முதல் 0.4 மி.மீ.க்குள் வையுங்கள்.

பிளக் காய்ந்திருந்தால் கோளாறு கார்புரேட்டரில். உங்கள் வண்டியில் இதுவாகவே இருக்கும் என்பது என் கணிப்பு. ஆயில் கலந்த பெட்ரோல் மிதவைக் கிண்ணத்தில் நின்றால் பெட்ரோல் ஆவியாகி, ஆயில் மட்டும் பிசினாகத் தங்கி, பெட்ரோல் செல்லும் நுண்துளையான பைலட் ஜெட்டை அடைத்துவிடும். போதாக்குறைக்கு, இன்று பங்க்கில் கிடைப்பது 20 சதவீதம் வரை எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனால் காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும். ஈரம் மிகுந்தால் நீரும் எத்தனாலும் பிரிந்து அடியில் தனியடுக்காகத் தங்கும். 1985 முதல் 1996 வரை விற்ற இந்த வண்டியின் ரப்பர் பாகங்கள் இந்தக் கலவையை மனதில் வைத்துச் செய்யப்பட்டவை அல்ல. எத்தனால் கலப்பதை அறிவித்தவர்கள், லட்சக்கணக்கான பழைய வண்டிக்காரர்கள் எதை ஊற்றுவது, எத்தனை நாள் வைத்திருப்பது என்பதைப் பங்க்கிலாவது எழுதிவைத்திருக்க வேண்டாமா? கிண்ணத்தில் இருப்பதைக் கண்ணாடி டம்ளரில் வடித்துப் பாருங்கள். அடியில் தனிக் கோடு தெரிந்தால் டேங்க்கையும் முழுவதும் வடித்துவிடுங்கள். ஜெட்டைக் கம்பியால் குத்தாதீர்கள், துளை பெரிதாகிவிடும். காற்றடித்துச் சுத்தம் செய்தால் போதும்.

தேய்மானம் திடீரென வராது என்றதற்கு ஒரு விதிவிலக்கு உண்டு. ஆட்டோலூப் பம்பைக் கழற்றியவர் என்பதால் அதை உங்களுக்கு விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. ஒருமுறை ஆயில் கலக்க மறந்தாலோ, அளவைக் குறைத்தாலோ பிஸ்டன் சூட்டில் விரிந்து சிலிண்டரைப் பிடித்துக்கொள்ளும். முழுமையாகப் பிடித்தால் கிக்கர் நகரவே நகராது, ஐயத்துக்கு இடமில்லை. ஏமாற்றுவது அரைகுறையாகப் பிடிப்பதுதான்: வேகத்தில் ஒரு கணம் இழுவை விழும், ஆறியதும் கிக்கர் தாராளமாக இறங்கும், ஆனால் ரிங் பள்ளத்தில் ஒட்டிக்கொண்டதால் காற்றழுத்தம் இருக்காது. இதை அறிய எஞ்சினைப் பிரிக்க வேண்டியதில்லை. சைலன்சரைக் கழற்றி, கிக்கரை மெல்ல இறக்கிக்கொண்டே, புகை வெளியேறும் துளை வழியாக டார்ச் அடித்துப் பாருங்கள். பிஸ்டன் பக்கவாட்டில் மேலிருந்து கீழாக ஆழமான கீறல்கள் தெரிந்தால் பிடித்திருக்கிறது. வழவழப்பாக இருந்தால் அந்தக் கவலையை விடுங்கள்.

"ஜப்பான் செட்" கொண்டுவரும் ஆளைப் பற்றி எச்சரிக்காமல் முடிக்க எனக்கு மனமில்லை. தயாரிப்பு நின்று கால் நூற்றாண்டுக்கு மேலாகியும், பளபளக்கும் பெட்டியில் புதிய 'ஒரிஜினல்' எங்கிருந்து வருகிறது என்று யாரும் கேட்பதில்லை. கேட்க வேண்டிய துறைகளும் கேட்பதில்லை. அதைவிடப் பெரிய இழப்பு, கழற்றிய பழைய சிலிண்டரை அந்த ஆளிடமே விட்டுவருவது. 50 மி.மீ. துளை கொண்ட அந்த மூல வார்ப்பை, 0.25 மி.மீ. படிகளில் கடைந்து இன்னும் சில முறை பயன்படுத்தலாம். தேவையில்லாத ஒவ்வொரு ரீபோரும் அந்த ஆயுளில் ஒரு படியைத் தின்றுவிடும். கீறல் உண்மையிலேயே இருந்தால், சற்றே பெரிய ஓவர்சைஸ் பிஸ்டனை முதலில் வாங்கி, அதையும் உங்கள் பழைய சிலிண்டரையும் நீங்களே லேத் பட்டறைக்கு எடுத்துச் சென்று, அந்தப் பிஸ்டனை அளந்து அதற்கேற்பக் கடையச் சொல்லுங்கள்.