சுருக்கியது கட்டுரையையா, வாதத்தையா?

கேள்வி: காரணம், விளைவு பற்றி பதினெட்டாம் நூற்றாண்டுத் தத்துவ அறிஞர் டேவிட் ஹியூம் சொன்னதை அலசும் இருபது பக்கக் கட்டுரை ஒன்றை இரண்டு பக்கமாகச் சுருக்கி அனுப்பினேன். ஒரு பத்தியைக்கூட விடவில்லை. இருந்தும் திருப்பி அனுப்பிவிட்டீர்கள். தத்துவம் என்றால் நீட்டி முழக்கித்தான் எழுத வேண்டுமா?

பதில்: ஒரு பத்தியைக்கூட விடவில்லை என்பதுதான் பிரச்சினையே. பத்திக்கு ஒரு வரி என்று கிள்ளி எடுத்து வரிசையாக அடுக்கியிருக்கிறீர்கள். போகிற போக்கில் வரும் ஹியூமின் வாழ்க்கைக் குறிப்புக்கும் ஒரு வரி, கட்டுரையின் உயிரான வாதத்துக்கும் ஒரு வரி!

அந்த ஒரு வரியும் தப்பு. 'காரணம் என்று எதுவும் கிடையாது என்கிறார் ஹியூம்' என்று எழுதியிருக்கிறீர்கள். காரணமில்லாமல் ஒன்று தோன்றலாம் என்கிற அபத்தத்தை நான் சொன்னதே இல்லை என்று 1754இல் ஒரு கடிதத்தில் அவரே அலுத்துக்கொண்டிருக்கிறார். அவர் கேட்டது வேறு. ஒரு பில்லியர்ட்ஸ் பந்து உருண்டு வந்து இன்னொன்றை முட்டுகிறது, அது நகர்கிறது. நாம் பார்த்தது என்ன? முட்டியது, அப்புறம் நகர்ந்தது, எப்போது முட்டினாலும் இப்படியே நடக்கிறது, அவ்வளவுதான். 'நகர்ந்தே தீர வேண்டும்' என்ற கட்டாயம் கண்ணில் படவே இல்லை. யோசித்தும் அதைப் பிடிக்க முடியாது, ஏனென்றால் முட்டிய பந்து திரும்பி வருவதாகவோ இரண்டுமே நின்றுவிடுவதாகவோ கற்பனை செய்தால் அதில் முரண்பாடு ஒன்றும் இல்லை. அப்படியானால் அந்தக் கட்டாயம் எங்கிருந்து வந்தது? பார்த்துப் பார்த்துப் பழகிய மனம் முதல் பந்தைக் கண்டதுமே அடுத்ததற்குத் தாவிவிடுகிறதே, அங்கிருந்துதான். வாதம் இவ்வளவே, ஒரு பத்திக்குள் அடங்கிவிட்டது. உங்கள் இரண்டு பக்கத்தில் பந்தையே காணோம்.

உதாரணம்தானே, எடுத்தால் இடம் மிச்சம் என்று நினைத்திருப்பீர்கள். 1963இல் அமெரிக்கத் தத்துவ அறிஞர் எட்மண்ட் கெட்டியர் மூன்றே பக்கத்தில் ஒரு கட்டுரை எழுதினார். ஒன்றை நம்புகிறோம், அது உண்மை, நம்பத் தக்க ஆதாரமும் இருக்கிறது என்றால் அதுவே அறிவு என்ற விளக்கம் போதாது என்று காட்ட அவர் கையில் இருந்தவை இரண்டு உதாரணங்கள்தான். ஒன்றில், வேறொருவனுக்குத்தான் வேலை கிடைக்கும் என்றும் அவன் பையில் பத்து நாணயம் இருக்கிறது என்றும் ஆதாரத்தோடு நம்பும் ஒருவன், 'வேலை கிடைக்கப்போகிறவன் பையில் பத்து நாணயம் இருக்கிறது' என்று முடிவு செய்கிறான். கடைசியில் வேலை இவனுக்கே கிடைக்கிறது, தற்செயலாக இவன் பையிலும் பத்து நாணயம்! நம்பியது உண்மையாகிவிட்டது, ஆனால் அதை 'தெரிந்திருந்தது' என்போமா? இதை வெட்டிவிட்டுக் கெட்டியரைச் சுருக்குங்கள் பார்ப்போம்.

இன்னொன்று. ஆறாவது பக்கத்தில் கட்டுரையாளர், 'இதற்கு மறுப்பாக ஒருவர் சொல்லலாம்' என்று தொடங்கி எதிராளியின் கட்சியை நியாயமாக எடுத்து வைத்து, அடுத்த பக்கத்தில் அதை உடைக்கிறார். நீங்கள் 'ஒருவர் சொல்லலாம்' என்பதைத் தேவையில்லாத சொல் என்று நீக்கிவிட்டீர்கள், எதிராளி பேசியதெல்லாம் கட்டுரையாளர் தலையில் விழுந்துவிட்டது. 'ஒருவேளை', 'பெரும்பாலும்', 'சில' எல்லாமே இப்படித்தான், வாதத்தின் எல்லைக்கல் மாதிரி. பிடுங்கினால் பக்கத்து நிலமும் சேர்ந்துவிடும்.

நன்னூல் பத்து அழகுகளில் முதலாவதாக வைத்தது சுருங்கச் சொல்லல். பத்துக் குற்றங்களில் முதலாவது குன்றக் கூறல், அதாவது வேண்டியதையும் விட்டுக் குறைத்துச் சொல்வது. இரண்டுக்கும் நடுவே இருக்கிற இடம் ரொம்பக் குறுகல், எனக்கும் கால் தடுக்கியிருக்கிறது.

ஹியூமையே பாருங்கள். 1739இல் வந்த தன் நூலை யாரும் கண்டுகொள்ளாததால், 1740இல் பெயர் போடாமல், யாரோ மூன்றாம் மனிதர் எழுதியதுபோல அதற்கு ஒரு சுருக்கம் எழுதினார். (அதை எழுதியது அவர்தான் என்பதைப் பொருளாதார அறிஞர்கள் கெயின்ஸும் ஸ்ராஃபாவும் 1938இல்தான் காட்டினார்கள்.) இரண்டு தொகுதிகளில் இருந்த அத்தனையையும் அவர் கிள்ளிக் கிள்ளி வைக்கவில்லை. பெரும்பாலும் ஒரே வாதத்தை எடுத்து ஆரம்பம் முதல் கடைசி வரை நடத்திக் காட்டினார். பந்தும் அதில் உருண்டது.

கட்டுரையை மூடி வைத்துவிட்டு, அது எதை நிறுவப் பார்க்கிறது, எப்படி நிறுவுகிறது என்று நண்பருக்குச் சொல்வதுபோல ஒரு தாளில் எழுதுங்கள். எங்கே திணறுகிறீர்களோ அந்தப் பக்கத்தை மட்டும் மறுபடி படியுங்கள். மூன்று பக்கம் வந்தாலும் பரவாயில்லை, போட இடம் இருக்கிறது. வாழ்க்கைக் குறிப்பு வேண்டாம்.