இன்னும் அழுத்தணுமா?

கேள்வி: எனக்கு 52 வயது. கோத்தகிரி பக்கம் ஒன்றரை ஏக்கர் தேயிலை இருக்கிறது. கத்தரி பிடித்து இலை வெட்டுவது, மூட்டை கட்டுவது எல்லாம் நான்தான். வலது தோளும் கழுத்தும் சேருகிற இடத்தில் கோலிக்குண்டு மாதிரி ஒன்று உருளுகிறது. மகள் பிடித்துவிடும்போது "இன்னும் அழுத்து, இன்னும் அழுத்து" என்பேன். அவள் கை ஓய்ந்ததும் மகன் முழங்கையை ஊன்றி ஏறுவான். அந்த நேரத்துக்குச் சுகமாக இருக்கும். மறுநாள் கையைத் தூக்க முடியாது. போன மாதம் அந்த இடம் நீலம் பாரித்துவிட்டது. நன்றாக அழுத்தினால்தானே முடிச்சு கரையும்? எவ்வளவுதான் அழுத்துவது?
(பெயர் வேண்டாம், கோத்தகிரி)

பதில்: அக்கா, முதலில் மகனை இறங்கச் சொல்லுங்கள்.

என் அம்மாவும் எஸ்டேட்டில் கொழுந்து பறித்தவர்தான். சாயங்காலம் வந்ததும் பாயில் குப்புறப் படுத்துக்கொண்டு என்னை முதுகில் ஏறி மிதிக்கச் சொல்வார். ஆறு வயதுப் பிள்ளைக்கு என்ன எடை இருந்துவிடும்? அது அவருக்குப் போதுமாக இருந்தது. கொஞ்சம் வளர்ந்ததும் "நீ கனத்துட்டே, இறங்கு" என்று தங்கையைக் கூப்பிட்டுவிட்டார். பாதம் முழுக்கப் பதித்து நின்றால் அம்மா பேசாமல் கிடப்பார். குதிகாலை மட்டும் ஊன்றினால் "ஐயோ" என்பார். நிற்பவள் நான்தான், எடையும் அதேதான். படுகிற இடம் சின்னதானால் அழுத்தம் பல மடங்காகிவிடுகிறது. பிசியோதெரபி படிக்கப் போவதற்கு முன்பே எனக்குக் கிடைத்த பாடம் அது. முழங்கை முனை குதிகாலைவிடவும் சின்னது, அக்கா.

அந்தக் கோலிக்குண்டு விஷயத்துக்கு வருவோம். அது வெல்லக்கட்டி மாதிரி நசுக்கினால் கரைகிற பொருள் இல்லை. தசைக்குள் கயிறு மாதிரி ஒரு பகுதி இறுகி, தொட்டால் வலிக்கிறது. அது உண்மையில் என்ன என்பதில் இந்தத் துறையில் இருப்பவர்களுக்குள்ளேயே இன்னும் வாதம் ஓடுகிறது. "கெட்ட அமிலம் தேங்கி நிற்குது, பிழிஞ்சு எடுக்கணும்" என்று சில மசாஜ் நிலையங்களில் சொல்வதை மட்டும் நம்பாதீர்கள். உழைப்பில் சேரும் லாக்டிக் அமிலத்தை நீங்கள் உட்கார்ந்து ஒரு மணி நேரத்துக்குள் உடம்பே காலி செய்துவிடும்.

அப்புறம் ஏன் சுகமாக இருக்கிறது? கதவில் இடித்துக்கொண்டால் அந்த இடத்தைத் தேய்க்கிறோம் இல்லையா, அதே கணக்குதான். தொடுகை, அழுத்தம் பற்றிய செய்தி முதுகுத்தண்டுக்குப் போகும்போது, வலிச் செய்திக்கு வழி கொஞ்சம் அடைபடுகிறது. மெல்சாக், வால் என்ற இரண்டு விஞ்ஞானிகள் 1965இல் இதை ஒரு கதவுக்கு ஒப்பிட்டு விளக்கினார்கள். அழுத்தம் அளவு மீறினால் கதை மாறிவிடும். உடம்பு அதை அடி என்று எடுத்துக்கொள்ளும். மூச்சு நிற்கும், தோள் காதுப் பக்கம் ஏறும், தளர வேண்டிய சதையே விறைத்து எதிர்த்து நிற்கும். மகன், "இன்னும் இறுக்கமா இருக்கு" என்று இன்னும் அழுத்துவான். இது பிடித்துவிடுவது இல்லை, மல்லுக்கட்டு.

என் அறையில் வீட்டில் எடை பார்க்கிற பழைய மெஷின் ஒன்று கிடக்கிறது. கூட வருகிறவர்களை அதில் கட்டைவிரலை வைத்து அழுத்தச் சொல்வேன். "நான் லேசாத்தான் மேடம் அமுக்குவேன்" என்று சொன்ன ஒரு கணவரின் விரலுக்கு முள் எட்டு கிலோவில் நின்றது. அவர் மனைவி ஒன்றும் பேசவில்லை, அவரைத் திரும்பிப் பார்த்தார், அவ்வளவுதான். இன்னொரு பெண் பல்லைக் கடித்துக்கொண்டு முழு பலத்தையும் போட்டும் முள் மூன்றைத் தாண்டவில்லை. அழுத்துகிறவருக்குத் தன் கை கனம் தெரியாது. அதனால் இத்தனை கிலோ என்று என்னால் எழுதிக் கொடுக்க முடியாது. அளவைப் படுத்திருப்பவர்தான் சொல்ல வேண்டும்.

தாங்கவே முடியாத வலிக்குப் பத்து மார்க் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஐந்து, மிஞ்சிப்போனால் ஆறு வந்ததும் மகள் அங்கேயே நிறுத்திக்கொள்ளட்டும். கையை எடுக்க வேண்டாம், அழுத்தத்தைக் கூட்டவும் வேண்டாம். நீங்கள் நாலைந்து முறை நிதானமாக மூச்சு விட்டதும் அதே அழுத்தம் மூன்று மார்க்காகத் தெரியும். தெரியாவிட்டால் இடத்தை மாற்றுங்கள். சரக்கென்று குத்தாமல் மெதுவாக இறங்குகிற விரலைச் சதை உள்ளே விடும். நான் நோயாளியின் வாயை மட்டும் நம்புவதில்லை. நம் பெண்கள் ஒன்பதையும் "பரவால்ல" என்பார்கள். குப்புறப் படுத்தவரின் முகமும் தெரியாது. அதனால் கால் விரல்களைப் பார்ப்பேன். விரல் மடங்கினால் என் கை தளரும்.

இந்தக் குளிரில் எடுத்த எடுப்பில் பிடிக்கவும் கூடாது. வெந்நீர்ப் பையைத் துண்டில் சுற்றிப் பதினைந்து நிமிடம் வைத்துவிட்டுத் தொடங்குங்கள். மறுநாள் தொட்டால் லேசாக வலித்தால் பரவாயில்லை. நீலம் பாரித்தால் உள்ளே ரத்தம் கசிந்திருக்கிறது என்று அர்த்தம். அது குறையும்வரை அந்த இடத்தைத் தொட வேண்டாம்.

ஒன்று கேட்கிறேன், கத்தரிக்குச் சாணை பிடித்து எத்தனை நாளாகிறது? மழுங்கிய கத்தரி கேட்கிற பலத்தைத் தோள்தான் கொடுக்கிறது. மகள் என்னதான் பிடித்துவிட்டாலும் ஓரிரு நாள் சுகம்தான், அதே கத்தரியைப் பிடித்தால் திரும்ப வந்துவிடும். சாணை பிடியுங்கள், மூட்டையைப் பாதிப் பாதியாகக் கட்டுங்கள். கை மரத்துப்போனாலோ, விரல்வரை சுரீரென்று இழுத்தாலோ பிடித்துவிடுவதை விட்டுவிட்டு டாக்டரைப் பாருங்கள். மேடு ஏறும்போது தோள் வலியோடு நெஞ்சு அடைத்து வியர்த்தால் ஒரு நிமிடம்கூடத் தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள்.

கேள்வி: ஊட்டியில் வேன் ஓட்டுகிறேன். கல்லட்டி ரோட்டில் 36 கொண்டை ஊசி வளைவும் இறங்கி ஏறினால் கழுத்து கல்லாகிவிடுகிறது. முடி வெட்டும்போது தலையைப் பிடித்து இரண்டு பக்கமும் சொடுக்கு எடுக்கச் சொல்வேன். 'டப்' என்று சத்தம் வந்தால்தான் நிம்மதி. நல்லதுதானே?
(பெயர் வேண்டாம், ஊட்டி)

பதில்: அந்த 'டப்' இறுக்கம் உடைகிற சத்தம் இல்லை, தம்பி. மூட்டுக்குள் இருக்கிற திரவத்தில் வாயுக் குமிழி உண்டாகும்போது வருகிற சத்தம். கழுத்து எலும்புகளுக்குள் புகுந்து மூளைக்குப் போகிற ரத்தக்குழாய்கள் இருக்கின்றன. வெடுக்கென்று திருப்பும்போது அபூர்வமாக அதன் சுவர் கிழிந்து பக்கவாதத்தில் கொண்டுபோய் விட்டிருக்கிறது. அபூர்வம்தான், ஆனால் ஸ்டியரிங் பிடிக்கிற ஆள் நீங்கள். தலையைத் தேய்த்துவிடட்டும், பின்கழுத்தை உள்ளங்கையால் பிடித்துவிடட்டும், திருப்ப மட்டும் விடாதீர்கள். கீழே போய் வண்டியை நிறுத்தியதும் இறங்கி ஒரு டீ குடிக்கிற நேரம் தோளைச் சுழற்றுங்கள். அந்த ஐந்து நிமிடம் சொடுக்கைவிட உதவும்.

கேள்வி: அப்பாவுக்கு 71 வயது, இருபது வருடமாகச் சர்க்கரை. தினமும் ராத்திரி தைலம் போட்டுக் கால் பிடித்துவிடுகிறேன். எவ்வளவு அழுத்தினாலும் "ஒண்ணும் தெரியலையே, நல்லா அமுக்கு" என்கிறார்.
(பெயர் வேண்டாம், கொடைக்கானல்)

பதில்: மேலே மார்க் கணக்கு சொன்னேனே, அது உங்கள் அப்பாவுக்குச் செல்லாது. சர்க்கரையால் நரம்பு மரத்த கால், வலியைச் சொல்லாமல் புண்ணாகும். கட்டைவிரலை ஊன்றாதீர்கள், உள்ளங்கையால் நீவிவிடுங்கள், போதும். வெந்நீர்ப் பையும் வேண்டாம், சுடுவது அவருக்குத் தெரியாது. தைலத்தின் எரிச்சலும் குளிர்ச்சியும் தோலில் உண்டாகிற உணர்ச்சிதான். காட்டமானதைத் தேங்காய் எண்ணெயில் கலந்தே தடவுங்கள். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறவர் என்றால் வலித் தைலம் போடுவதற்கு முன் டாக்டரிடம் கேளுங்கள். ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கிச் சூடாக இருந்தால் நீவவே கூடாது. உள்ளே ரத்தம் கட்டியிருக்கலாம், அன்றைக்கே காட்டுங்கள்.

டார்ச் அடித்து விரல் இடுக்கு, பாதம் இரண்டையும் இன்று ராத்திரியே பாருங்கள். அடுத்த முறை சர்க்கரை டாக்டரிடம் போகும்போது, அப்பா சொல்கிற "ஒண்ணும் தெரியலையே"வை அப்படியே அவரிடம் சொல்லிவிடுங்கள்.