சம்பளமில்லாத கோடைப் பணி: அந்த 6,000 டாலர் எங்கிருந்து வர வேண்டும்?

கேள்வி: ஒகாயோவில் சட்டம் முதலாண்டு படிக்கிறேன். பிறந்து வளர்ந்தது இங்கேதான், அப்பா அம்மாவுக்குத் திண்டுக்கல். இந்தக் கோடைக்கு இரண்டு இடங்களில் கூப்பிட்டிருக்கிறார்கள். ஒன்று, இங்கேயே இருக்கும் மாற்றுத்திறனாளிகள் உரிமை அமைப்பு. இன்னொன்று, நியூயார்க்கில் திருநர்களுக்காக வழக்காடும் ஒரு சிறு அமைப்பு. பத்து வாரம், இரண்டிலும் சம்பளம் கிடையாது. "சம்பளத்துக்குப் பதில் கிரெடிட் (பட்டத்துக்கான பாடப் புள்ளி) வாங்கிக்கொண்டு போ" என்கிறார்கள் சீனியர்கள். "சும்மா வேலை பார்க்கவா இவ்வளவு கடன்?" என்கிறார் அப்பா. எனக்குப் பார்வைக் குறைபாடு உண்டு, எஸ்.எஸ்.ஐ. (வருமானமும் சொத்தும் குறைந்த மாற்றுத்திறனாளிகளுக்கு மத்திய அரசு மாதந்தோறும் தருவது) உதவித்தொகை வாங்குகிறேன். ஸ்டைபெண்ட் (செலவுக்கான உதவிப் பணம்) வந்தால் அது நின்றுவிடுமா? கோயம்புத்தூரிலிருந்து எஃப்-1 மாணவர் விசாவில் வந்திருக்கும் என் தோழிக்கும் இதே மாதிரி ஓர் அழைப்பு வந்திருக்கிறது. அவளுக்கும் சேர்த்துச் சொல்லுங்கள், அக்கா. பெயர் போட வேண்டாம்.

பதில்: சீனியர்கள் சொன்னதை முதலில் தள்ளி வையுங்கள். கிரெடிட் இலவசம் இல்லை. கோடையில் கிரெடிட் எடுத்தால் பெரும்பாலான கல்லூரிகள் அதற்கும் கட்டணம் கேட்கும். சம்பளமில்லாமல் வேலையும் பார்த்து, அதற்காகக் கல்லூரிக்குப் பணமும் கட்டுவீர்கள். சம்பளம் வாங்கினால் கிரெடிட் கிடையாது என்ற தடையை அமெரிக்க வழக்கறிஞர் சங்கம் 2016-லேயே எடுத்துவிட்டது. இரண்டையும் அனுமதிப்பதா என்பது இப்போது அந்தந்தக் கல்லூரியின் முடிவு. மூன்றாம் ஆண்டில் பாடச் சுமை குறைய வேண்டும் என்ற தனிக் காரணம் இருந்தால் ஒழிய, முதல் கோடையில் நான் கிரெடிட் பக்கம் போகச் சொல்ல மாட்டேன்.

சம்பளம் கொடுக்காமல் வேலை வாங்குவது சட்டப்படி சரியா என்றும் மனதில் ஓடியிருக்கும். லாப நோக்கமில்லாத அமைப்பிலும் அரசு அலுவலகத்திலும் ஊதியம் எதிர்பாராமல் தன்னார்வமாகச் சேர்வதைத் தொழிலாளர் துறை பொதுவாக ஏற்கிறது. தனியார் நிறுவனங்கள் என்றால் கதை வேறு. ஆகவே அந்த அமைப்போடு சண்டைக்குப் போய்ப் பயனில்லை. வேலை கொடுப்பவர் ஒருவர், பணம் கொடுப்பவர் இன்னொருவர் என்றுதான் இந்தத் துறையில் கோடைகள் ஓடுகின்றன.

பணம் தருபவர்கள் மூன்று வகை. கல்லூரியின் பொதுநலக் கோடை நிதி, வெளி அமைப்புகளின் ஃபெலோஷிப், அப்புறம் ஃபெடரல் வொர்க்-ஸ்டடி, அதாவது வேலை பார்க்கும் மாணவரின் ஊதியத்தில் பெரும்பங்கை மத்திய அரசு தரும் திட்டம். எல்லோரும் முதலிரண்டைத்தான் பேசுவார்கள். எஸ்.எஸ்.ஐ. வாங்கும் உங்களுக்கு மூன்றாவதுதான் முதல் கதவு. ஏன் என்று கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

கல்லூரி உங்களுக்கு 6,000 டாலர் கோடை நிதி தருகிறது என்று வைத்துக்கொள்வோம். மே மாதம் ஒரே காசோலையாக வருகிறது. எஸ்.எஸ்.ஐ. கணக்கில், கல்விக் கட்டணத்துக்கும் புத்தகத்துக்கும் போகும் உதவித்தொகையைக் கழித்துவிடுவார்கள். சாப்பாட்டுக்கும் வாடகைக்கும் போவது வருமானம். அதுவும் உழைத்துச் சம்பாதிக்காத வருமானம் என்பதால் முதல் 20 டாலர் போக மீதி அப்படியே உங்கள் தொகையிலிருந்து வெட்டப்படும். மே மாத எஸ்.எஸ்.ஐ. அவ்வளவுதான். ஜூன் முதல் தேதி வங்கியில் மிச்சம் இருப்பது சொத்தாக மாறும். தனிநபருக்கான சொத்து வரம்பு 2,000 டாலர். 1989-லிருந்து இன்றுவரை அதே 2,000. வாடகை எங்கே போய்விட்டது, இது மட்டும் அசையவே இல்லை. பத்து வாரச் செலவுக்கு வைத்திருக்கும் பணமே உங்களைத் தகுதியிழக்கச் செய்துவிடும்.

இதே 6,000 டாலர் ஃபெடரல் வொர்க்-ஸ்டடி வழியாக வந்தால்? அது உயர்கல்விச் சட்டத்தின் நான்காம் தலைப்பில் வரும் மாணவர் உதவி. அந்தத் தலைப்பில் வரும் எதையும், எதற்குச் செலவழித்தாலும், எஸ்.எஸ்.ஐ. வருமானமாகவும் எண்ணாது, சொத்தாகவும் எண்ணாது. ஒரே தொகை, ஒரே வேலை, ஒரே மேசை. வரும் வழி மாறியதும் விளைவு தலைகீழ். ஆனால் எஸ்.எஸ்.ஐ.யைக் கவனிக்கும் சமூகப் பாதுகாப்பு அலுவலகத்தில் உட்கார்ந்திருப்பவருக்கு இது தானாகத் தெரிந்துவிடும் என்று நம்பாதீர்கள். சம்பளச் சீட்டைப் பார்த்ததும் சாதாரணச் சம்பளம் என்று பதிந்துவிடுவார்கள். "இது ஃபெடரல் வொர்க்-ஸ்டடி ஊதியம்" என்று கல்லூரியின் நிதியுதவி அலுவலகத்திடம் ஒரு கடிதம் வாங்கி, வருமானத்தைத் தெரிவிக்கும்போது சேர்த்தே கொடுங்கள். நகல் ஒன்று கையில் இருக்கட்டும்.

வொர்க்-ஸ்டடி என்றால் நூலக மேசையில் உட்காருவது என்றே பலர் நினைக்கிறார்கள். வளாகத்துக்கு வெளியே, பொதுநலன் சார்ந்த லாப நோக்கமற்ற அமைப்பிலும் பார்க்கலாம். அமைப்பும் கல்லூரியும் ஓர் ஒப்பந்தம் போட வேண்டும். வாரம் 40 மணி நேரம் வீதம் பத்து வாரத்துக்கு 400 மணி நேரம். மணிக்கு 15 டாலர் என்றால் 6,000. இதில் 75 சதவீதம் வரை மத்திய அரசின் பங்கு, அதாவது 4,500. மீதி 1,500 டாலரை அமைப்பு தர வேண்டும், அல்லது கல்லூரி தர வேண்டும். அமைப்புக்கு நீங்கள் எழுதும் மின்னஞ்சலில் இந்தக் கணக்கே இருக்கட்டும். "ஸ்டைபெண்ட் தர முடியுமா?" என்று கேட்டால் "மன்னிக்கவும், நிதி இல்லை" என்று ஒரு வரியில் பதில் வரும். "என் கல்லூரியோடு வொர்க்-ஸ்டடி ஒப்பந்தம் போட்டால் உங்கள் பங்கு 1,500 டாலர், அதையும் கல்லூரி ஏற்குமா என்று விசாரிக்கிறேன்" என்று எழுதினால் அது இயக்குநர் மேசைவரை போகும்.

இதில் முள்ளும் உண்டு. கல்லூரிக்கு வரும் வொர்க்-ஸ்டடி நிதி அளவானது, முந்துபவருக்குத்தான். மத்திய அரசின் மாணவர் நிதியுதவிக்கான ஃபாஃப்சா விண்ணப்பம் போட்டிருக்க வேண்டும். சட்ட மாணவரை அது தனித்து நிற்பவராகவே பார்க்கும், பெற்றோர் வருமானம் கணக்கில் வராது. கோடையில் வகுப்பில் பதிவு செய்யாமல் வேலை பார்த்தால், வரியும் வேலைக்கான செலவும் போக மிஞ்சுவதை அடுத்த பருவத்தின் படிப்புச் செலவுக்குப் பயன்படுத்த வேண்டும் என்பது விதி. அடுத்த ஆண்டுக் கடன் அந்த அளவுக்குக் குறையலாம். எப்படிக் கணக்கிடுவார்கள் என்று நிதியுதவி அலுவலகத்தில் முன்கூட்டியே கேளுங்கள். இன்னொன்று, வொர்க்-ஸ்டடி நேரத்தில் சட்டமன்ற லாபியிங்கோ (சட்டம் கொண்டுவரவோ தடுக்கவோ உறுப்பினர்களிடம் ஆதரவு திரட்டுவது) கட்சி அரசியலோ கூடாது. திருநர் உரிமை அமைப்புகள் இப்போது மாநிலச் சட்டமன்றங்களிலும் மும்முரமாக இருக்கின்றன. உங்கள் பணி விவரத்தில் வழக்கு ஆராய்ச்சி, வழக்கின் கட்சிக்காரர் நேர்காணல், மனு வரைவு என்று மட்டும் இருக்கட்டும்.

வொர்க்-ஸ்டடி கிடைக்காமல் கல்லூரி நிதிதான் வாய்த்தது என்றால், இரண்டு காரியம். தொகையை மாதத் தவணையாகத் தரச் சொல்லுங்கள். மாற்றுத்திறனாளிகளுக்கான சேமிப்புக் கணக்கான ஏபிள் ஒன்று திறந்து, மாதக் கடைசியில் மிஞ்சுவதை அதில் போடுங்கள். அதில் உள்ள முதல் ஒரு லட்சம் டாலரை எஸ்.எஸ்.ஐ. சொத்தாக எண்ணாது. குறைபாடு 26 வயதுக்கு முன் தொடங்கியிருக்க வேண்டும் என்று இருந்தது, 2026 ஜனவரியிலிருந்து 46 ஆகிவிட்டது. ஆனால் ஏபிள் சொத்து வரம்பைத்தான் காப்பாற்றும். பணம் வந்த மாதத்தில் அது வருமானமாகவே எண்ணப்படும்.

அந்த ஒகாயோ அமைப்பு, பெரும்பாலும் நாடு முழுக்க உள்ள 57 'பாதுகாப்பு மற்றும் பரிந்துரை' அமைப்புகளில் ஒன்றாக இருக்கும். நியூயார்க்கின் ஸ்டேட்டன் தீவில், மனவளர்ச்சிக் குறைபாடு உள்ளவர்களை அடைத்துவைத்திருந்த வில்லோபுரூக் விடுதியின் கொடுமை 1972-ல் தொலைக்காட்சியில் அம்பலமானதைத் தொடர்ந்து, 1975-ல் நாடாளுமன்றம் போட்ட சட்டத்தால் உருவானவை அவை. சமூகப் பாதுகாப்பு உதவி வாங்குபவர்கள் வேலைக்குப் போகும்போது வரும் சிக்கலைத் தீர்ப்பதற்கென்றே அங்கே தனித் திட்டம் உண்டு. உங்களை வேலைக்குக் கூப்பிட்டவர்களிடமே உங்கள் சந்தேகத்தைக் கேட்கலாம், கட்டணம் கிடையாது.

சரி, மற்ற இரண்டு வகைக்கு வருவோம். கல்லூரி நிதியின் பின்னால் பல இடங்களில் மாணவர் அமைப்பு நடத்தும் ஏலம் இருக்கும். பேராசிரியரோடு இரவு விருந்து, யாரோ கொடுத்த கடற்கரை வீட்டில் வார இறுதி என்று ஏலம் விட்டுச் சேர்ப்பார்கள். அந்த ஏலத்தில் சில மணி நேரம் உழைத்தவர்களுக்கு மட்டுமே நிதி என்ற விதி பல கல்லூரிகளில் உண்டு. அந்த மணி நேரம் உங்கள் கணக்கில் ஏறியிருக்கிறதா என்று இன்றே பாருங்கள். வெளியே, சட்ட உதவி அமைப்புகளில் பணிபுரியும் மாணவர்களுக்கு ஈக்வல் ஜஸ்டிஸ் அமெரிக்கா நிதி தருகிறது. நேஷனல் லாயர்ஸ் கில்டின் ஹேவுட் பர்ன்ஸ் ஃபெலோஷிப் இருக்கிறது. தென்னாசிய வழக்கறிஞர் சங்கங்களின் அறக்கட்டளைகளும் பல நகரங்களில் பொதுநலக் கோடை ஃபெலோஷிப் தருகின்றன. நம் பிள்ளைகள் அதற்கு விண்ணப்பிப்பதே குறைவு. இரண்டு இடத்தில் வாங்கலாமா, வாங்கினால் ஒன்று குறையுமா என்ற விதியைப் படிக்காமல் எதிலும் கையெழுத்துப் போடாதீர்கள்.

விண்ணப்பக் கட்டுரை பற்றி ஒரு வார்த்தை. "சிறுவயது முதலே சமூகநீதியில் ஆர்வம்" என்று தொடங்கும் கட்டுரை தேர்வுக்குழுவிடம் கட்டுக்கட்டாக வரும். "வீட்டுப் பராமரிப்பு நேரத்தை மெடிகெய்ட் (ஏழைகளுக்கான அரசு மருத்துவக் காப்பீடு) வெட்டியதால் முதியோர் விடுதிக்குத் தள்ளப்படும் நிலையில் இருப்பவர்களின் மேல்முறையீடுகளை நான் வரைவேன். 1999-ல் வந்த ஓம்ஸ்டெட் தீர்ப்பு, தேவையில்லாமல் விடுதியில் அடைத்துவைப்பதே பாகுபாடு என்கிறது. ஒவ்வொரு கோப்பிலும் அதை நிறுவுவதுதான் என் வேலை" என்று எழுதினால், பணம் எங்கே போகும் என்று அவர்கள் கண்முன் தெரியும். உங்கள் பார்வைக் குறைபாட்டைப் பற்றி எழுதுவது உங்கள் விருப்பம். பணத்துக்காக உங்கள் உடம்பின் கதையைச் சொல்லியே ஆக வேண்டும் என்பதில்லை.

நியூயார்க் அமைப்பைத் தேர்ந்தெடுத்தால், நிதி பெறுபவர்களின் பெயர், படம், பணியிடம் மூன்றையும் கல்லூரி இணையதளத்தில் போடுவது வழக்கம் என்பதை மறக்க வேண்டாம். நன்கொடையாளருக்கு நன்றிக் கடிதமும் எழுதச் சொல்வார்கள். வீட்டுக்கோ ஊருக்கோ தெரிவதில் உங்களுக்குத் தயக்கம் இருந்தால், பெயரை வெளியிட வேண்டாம் என்று விண்ணப்பிக்கும்போதே எழுத்தில் கேளுங்கள். காரணம் சொல்ல வேண்டியதில்லை.

இரண்டில் எது என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். பணக்கணக்கை மட்டும் பார்த்தால் ஒகாயோதான். நியூயார்க்கில் பத்து வார வாடகையே ஸ்டைபெண்டைத் தின்றுவிடும். மாற்றுத்திறனாளிச் சட்டத்துக்குப் போனால் பால்புதுமையினர் உரிமையை விட்டுவிடுகிறோமோ என்ற கவலையும் தேவையில்லை. எச்.ஐ.வி. உள்ள ஒரு பெண்ணுக்குத் தன் கிளினிக்கில் பல்லை அடைக்க மாட்டேன், மருத்துவமனைக்கு வா, கூடுதல் செலவு உன்னுடையது என்றார் மேய்ன் மாநிலத்து பல் மருத்துவர் ஒருவர். அந்த வழக்கில், எச்.ஐ.வி. தொற்றும் மாற்றுத்திறனாளிகள் சட்டத்தின் பாதுகாப்புக்குள் வரும் என்று 1998-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. அந்தப் பெண்ணுக்காக வாதாடியது பாஸ்டனின் பால்புதுமையினர் உரிமை அமைப்பான கிளாட். வர்ஜீனியாச் சிறையில் இருந்த ஒரு திருநங்கையின் வழக்கில், பாலின ஒவ்வாமையை (பிறப்பில் குறிக்கப்பட்ட பாலினம் தன் பாலின உணர்வோடு பொருந்தாததால் வரும் வேதனை) அந்தச் சட்டம் விலக்கவில்லை என்று 2022-ல் நான்காவது வட்டார மத்திய மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஒகாயோ அமைப்பிடம் திருநர் கட்சிக்காரர்களின் கோப்புகளில் ஒன்றிரண்டு தரச் சொல்லிக் கேளுங்கள். அப்படிக் கேட்கும் மாணவர் கிடைத்தால் சந்தோஷப்படுவார்கள்.

அப்பாவிடம் பத்துக் கடன் மன்னிப்புத் திட்டங்களைப் பேசிக் குழப்ப வேண்டாம். பொதுச்சேவைக் கடன் தள்ளுபடிக்கு இந்தக் கோடை கணக்கில் சேராது, அது முழுநேர வேலையில் இருந்துகொண்டு 120 தவணை கட்டியவர்களுக்கு. "6,000 டாலர் வருகிறது, வீட்டிலிருந்தே போய்வருவேன்" என்று சொல்லுங்கள், போதும்.

இனி தோழிக்கு. எஃப்-1 மாணவருக்கு ஃபெடரல் வொர்க்-ஸ்டடி கிடையவே கிடையாது, ஆகவே கல்லூரி நிதியும் வெளி ஃபெலோஷிப்பும்தான். "சம்பளம்தான் இல்லையே, அனுமதி எதற்கு?" என்று நினைத்துக்கொண்டு வேலையில் உட்கார வேண்டாம், அதிலும் வெளியிலிருந்து ஸ்டைபெண்ட் வரும்போது. முழு ஒரு கல்வியாண்டு முடித்திருந்தால் படிப்போடு இணைந்த பயிற்சி வேலைக்கான சிபிடி அனுமதிக்குத் தகுதி உண்டு. ஆகஸ்டில் வந்து மே வரை படித்தவருக்கு அது சரியாகப் பொருந்தும். ஆனால் அந்த வேலை பாடத்திட்டத்தோடு பிணைந்ததாக இருக்க வேண்டும் என்பதால், அவருக்குக் கிரெடிட் எடுக்கும் கட்டாயம் வரலாம். நான் மேலே கிரெடிட் வேண்டாம் என்றது உங்களுக்குத்தான், அவருக்கு அல்ல. குறைந்த கிரெடிட்டில் பதியும் வழி உண்டா என்று சர்வதேச மாணவர் அலுவலகத்தில் கேட்கட்டும். கல்லூரி தரும் மாணவர் சான்றான ஐ-20-ல் அனுமதி ஏறிய பிறகுதான் முதல் நாள் வேலை. முழுநேர சிபிடி 12 மாதம் ஆனால்தான் ஓபிடி (படிப்பு முடிந்தபின் வேலை பார்க்கும் அனுமதி) பறிபோகும், பத்து வாரத்தில் ஒன்றும் ஆகாது.

ஃபெலோஷிப் தொகையில் அவருக்கு வழக்கமாக 14 சதவீத வரி பிடித்துக்கொண்டுதான் தருவார்கள். பயப்பட வேண்டாம். இந்திய-அமெரிக்க வரி ஒப்பந்தத்தின் 21-ஆம் பிரிவின்படி, இந்திய மாணவர்கள் நிலையான கழிவை (வரி போடும் முன் வருமானத்திலிருந்து கழிக்கும் தொகை) எடுத்துக்கொள்ளலாம், மற்ற நாட்டு எஃப்-1 மாணவர்களுக்குப் பொதுவாக இல்லாத சலுகை இது. 2025-ஆம் ஆண்டுக்கு அது 15,750 டாலர். வேறு வருமானம் இல்லையென்றால், வெளிநாட்டவருக்கான 1040-என்ஆர் வரிப் படிவத்தில் அந்தப் பிரிவைக் குறிப்பிட்டுத் தாக்கல் செய்தால் பிடித்த மத்திய வரி திரும்பி வந்துவிடும். கூடவே, வெளிநாட்டு மாணவர் தாம் அமெரிக்காவில் இருந்த நாட்களைத் தெரிவிக்கும் 8843 படிவத்தையும் மறக்காமல் வைக்கச் சொல்லுங்கள்.